ஸ்கேனர் எங்கள் கைக்கும் வரட்டும்

ஊர்க் கோயில் கொடை சமயம் நெருங்கினால் மும்பை காட்கோபரில் இருக்கும் என் பைக் ஷெட்டுக்கு முன்னால் வண்டிகள் வரிசையாக நிற்கும். தாராவி, செம்பூர், மாட்டுங்கா என்று பல இடங்களிலிருந்தும் நம் பிள்ளைகள் கொண்டுவந்து விடுவார்கள். ரயிலில் இடம் கிடைக்காதது ஒரு காரணம். ஊர் எல்லையில் சொந்த வண்டியில் போய் இறங்க வேண்டும் என்ற ஆசை பெரிய காரணம். பன்வேல், கோபோலி, கண்டாலா வழியாகப் புனே. பிறகு சாத்தாரா, கோலாப்பூர், பெலகாவி, ஹூப்ளி, சித்ரதுர்கா, பெங்களூரு. கிருஷ்ணகிரியைத் தொட்டுவிட்டால் சேலம், திண்டுக்கல், மதுரை, திருநெல்வேலி. ஏறக்குறைய 1,600 கிலோமீட்டர். மும்பை–புனே எக்ஸ்பிரஸ்வேயில் பைக்கை விடமாட்டார்கள், பழைய காட் ரோடுதான். அவ்வளவு தூரத்தையும் வண்டி தாங்கும்படி செய்து அனுப்புவது என் தொழில். அந்தத் தொழிலை முழுதாகச் செய்ய விடாமல் வண்டிக் கம்பெனிகள் எங்கள் கையைக் கட்டிப்போட்டிருக்கின்றன என்பதால் இதை எழுதுகிறேன்.

வண்டியை முதல் நாள் இரவே விட்டுவிடச் சொல்வேன். இன்ஜின் நன்றாக ஆறினால்தான் டேப்பட் பார்க்க முடியும். காலையில் மூடியைக் கழற்றி, கம்ப்ரஷனில் பிஸ்டன் உச்சிக்கு வரும்வரை கையால் சுற்றி, ராக்கருக்கும் வால்வுத் தண்டுக்கும் நடுவே ஃபீலர் கேஜ் தகட்டை விடுவேன். பார்க்கப்போகும் இடைவெளி மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அளவுதான், மாடலுக்கு மாடல் கொஞ்சம் மாறும். தகடு சும்மா நழுவக் கூடாது, சிக்கி நிற்கவும் கூடாது. விரலுக்குத் தெரிகிற மாதிரி லேசாக இழுத்துப் பிடிக்க வேண்டும். லாக்நட்டை இறுக்கும்போது உள்ளே ஸ்க்ரூவும் கூடவே இம்மி திரும்பும். அதனால் இறுக்கிய பிறகு மறுபடியும் தகட்டை விட்டுப் பார்ப்பேன். டேப்பட் சத்தம் கேட்டால் வண்டிக்காரர்கள் பயப்படுகிறார்கள். நான் பயப்படுவது சத்தமே இல்லாத டேப்பட்டுக்கு. இடைவெளி அடைபட்டால் எக்ஸாஸ்ட் வால்வு முழுதாக மூடாது. அந்தச் சந்தில் நெருப்பு பீறிட்டு வால்வு விளிம்பையே தின்றுவிடும். ஹைவேயில் மணிக்கணக்காக ஒரே வேகத்தில் போகிற வண்டிக்கு இது சீக்கிரம் நடக்கும்.

அடுத்தது பிரேக். டாட் 4 பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காமல் தாங்கவேண்டும் என்பது கணக்கு. அது காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும். ஈரம் ஏறியபின் 155 டிகிரி தாங்கினாலே தேறியது. மும்பை மழையில் இரண்டு வருடம் நின்ற வண்டியின் ஆயில் எப்படி இருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். பின்சீட்டில் மனைவி, இரு பக்கமும் மூட்டை, கம்பாட்கி காட் இறக்கத்தில் பிரேக்கைப் பிடித்துப் பிடித்து இறங்கினால் ஆயில் கொதித்து உள்ளே ஆவி உண்டாகும். பிறகு லீவர் மெத்தென்று கைப்பிடிவரை போகும், வண்டி நிற்காது. ஆகவே ஊருக்குப் போகிற வண்டியில் ஆயில் நிறத்தைப் பார்க்காமல் நான் அனுப்புவதில்லை.

என் சங்கடம் ஆரம்பிப்பதும் இங்கேதான். 125 சிசிக்கு மேற்பட்ட வண்டிகளுக்கு 2019 ஏப்ரலிலிருந்து, பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் கட்டாயம். நல்ல சட்டம், எத்தனையோ உயிர்களைக் காக்கும் சட்டம். ஆனால் சில மாடல்களில் ஆயில் லைனுக்குள் காற்று புகுந்துவிட்டால் அது ஏபிஎஸ் மாடுலேட்டருக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். அதை வெளியேற்ற ஸ்கேனரை மாட்டி, மாடுலேட்டரின் பம்பை ஓட்டிப் பழைய ஆயிலைத் தள்ளவேண்டும். கடையில் விற்கும் பொது ஸ்கேனர் இன்ஜின் கோளாறு எண்களைக் காட்டும். அந்தப் பம்பை ஓட்டும் வேலை பெரும்பாலும் கம்பெனியின் சொந்த ஸ்கேனருக்குத்தான் தெரியும். அதை எங்களுக்கு விற்பதில்லை. பிரேக் வேலையை நுனிவரை தெரிந்த ஒருவன், கடைசிப் படியில் வண்டியைத் தள்ளிக்கொண்டு ஷோரூமுக்குப் போகச் சொல்லவேண்டியிருக்கிறது.

காட்கோபரில் இது ஒருநாள் தாமதம். வழியில் நடந்தால் நிலைமை வேறு. தாராவியிலிருந்து கொடைக்குப் புறப்பட்ட ஒரு தம்பிக்கு ஹிரியூர் தாண்டி வண்டி படுத்துவிட்டது. நியூட்ரலில் ஸ்டார்ட் ஆகிறது, கியர் போட்டதும் அணைகிறது. “அண்ணாச்சி, பிளக் மாத்தியாச்சு, ஃபில்டர் ஊதியாச்சு, ஒண்ணும் கேக்கல” என்று போனில் அழாத குறை. சைடு ஸ்டாண்டை மடக்காமல் ஓட்டிவிடக் கூடாது என்று ஸ்டாண்டோடு ஒரு சுவிட்ச் வைத்திருப்பார்கள். மழையும் சேறும் பட்டால் அது மக்கர் பண்ணும். அதைக் கழுவச் சொன்னேன். கழுவியும் சரியாகவில்லை. அங்கிருந்த கன்னட மெக்கானிக் கெட்டிக்காரர், அடுத்து ஒயரைத் தொடர்ந்து போகவேண்டும் என்று அவருக்கே தெரிந்தது. ஆனால் அந்த மாடலில் எந்த நிற ஒயர் எந்த கனெக்டருக்குப் போகிறது என்ற படம் அவரிடமும் இல்லை, என்னிடமும் இல்லை. புத்தம்புது வண்டியின் ஒயரை ஊகத்தில் வெட்ட அவர் மறுத்தது சரிதான். அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. டெம்போவில் ஏற்றித் தும்கூர் கொண்டுபோய், ஷோரூம் திறந்து, வரிசையில் காத்திருந்து பார்த்தால், டேங்குக்கு அடியில் ஒரு கனெக்டரில் களிம்பு ஏறியிருந்தது. துடைத்து மாட்டினார்கள், ஓடியது. ஒரு தாள் படம் கையில் இருந்திருந்தால் ரோட்டோரத்திலேயே பத்து நிமிஷ வேலை. அந்தத் தம்பி கொடை முடிந்த பிறகுதான் ஊர் போய்ச் சேர்ந்தான்.

1950-களில் திருவொற்றியூரில் என்ஃபீல்டு புல்லட் சேர்க்கத் தொடங்கிய காலத்திலிருந்து அரை நூற்றாண்டுக்கும் மேலாக இந்த நாட்டு மெக்கானிக் கண்ணாலும் காதாலும் வேலை கற்றான். கார்புரேட்டரைப் பிரித்தால் ஜெட் தெரியும், பாயின்டைத் திறந்தால் பொறி தெரியும். 2020 ஏப்ரலில் பிஎஸ்6 புகைக் கட்டுப்பாட்டு விதி வந்தபின் பெரும்பாலான வண்டிகள் ஃப்யூயல் இன்ஜெக்‌ஷனுக்கு மாறின. அந்த மாற்றத்தை நான் எதிர்க்கவில்லை. ஈஸ்டர்ன் எக்ஸ்பிரஸ் ஹைவே ஓரத்தில் நாள் முழுக்கப் புகையைக் குடிக்கிற எனக்கு அதன் அருமை தெரியும். இன்ஜெக்‌ஷன் வண்டி எங்கே கோளாறு என்று தானே சொல்லிவிடுகிறது. மெக்கானிக்குக் கிடைத்த பெரிய வரம் அது. அந்தப் பேச்சைக் கேட்கும் காதை மட்டும் ஷோரூமுக்குள் வைத்துப் பூட்டியதுதான் அநியாயம்.

கம்பெனிக்காரர்கள் சொல்லும் பதில் எனக்குத் தெரியும். ஷெட்டுக்காரன் பேரிங்கைச் சுத்தியலால் அடிப்பான், டார்க் ரெஞ்ச் வைத்திருக்கமாட்டான், ஒயரை வெட்டி டேப் சுற்றுவான் என்பார்கள். அப்படிச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். ஸ்டியரிங் கோன் செட்டை அடித்து இறக்கி, ஹேண்டில் நேராக நிற்காமல் வந்த வண்டிகளை நானே பிரித்துச் சரிசெய்திருக்கிறேன். ஆனால் ஒரு நட்டை எத்தனை நியூட்டன் மீட்டரில் இறுக்க வேண்டும் என்ற அளவு சர்வீஸ் மேனுவலில்தான் இருக்கிறது. மேனுவலைக் கொடுக்காமல் அளவு தெரியவில்லை என்று குற்றம் சொல்வது நியாயமா? குர்லா சிஎஸ்டி சாலைக் கடைகளில் கம்பெனி பார்ட்ஸ் கேட்டு நின்று, கிடைக்காமல் போலியை வாங்கி மாட்டுகிறவனும் விருப்பப்பட்டு மாட்டுவதில்லை.

நான் கேட்பது புதிதல்ல. இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்ட் 25 அன்று 14 கார் கம்பெனிகளுக்குச் சுமார் 2,545 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. உதிரி பாகங்களையும் கோளாறு பார்க்கும் கருவிகளையும் வெளி மெக்கானிக்குகளுக்குக் கொடுக்க மறுத்தார்கள் என்பதே குற்றம். கம்பெனிகள் மேல்முறையீட்டுக்குப் போயின. அந்த உத்தரவு கார்களைப் பற்றியது. நாட்டில் அதிகம் ஓடுவது இரு சக்கர வண்டி, அதைப் பழுதுபார்க்கிறவனுக்கு அதில் ஒரு வரியும் உதவாது. 2022 டிசம்பர் 24 அன்று மத்திய நுகர்வோர் விவகாரத் துறை பழுதுபார்க்கும் உரிமைக்கென்று ஓர் இணையதளம் தொடங்கியது. வாகனத் துறையும் அதில் சேர்த்தி. நல்ல தொடக்கம்தான், ஆனால் இணையதளம் சட்டம் ஆகாது. கட்டாயம் இல்லாத இடத்தில் எந்தக் கம்பெனி தன் ஸ்கேனரைத் தானாக விற்கும்?

அமெரிக்காவில் 2022-ல் அந்த நாட்டு வர்த்தக ஆணையம் ஹார்லி டேவிட்சன் மீது நடவடிக்கை எடுத்தது. வெளியில் பழுதுபார்த்தால் வாரண்டி போய்விடும் என்ற பொருளில் இருந்த நிபந்தனையை நீக்கி, வெளி மெக்கானிக்கிடம் போவதால் மட்டும் வாரண்டி ரத்தாகாது என்று வாங்கியவருக்குத் தெளிவாக எழுதச் சொன்னது. அதே கம்பெனி 2020 செப்டம்பரில் இந்தியாவில் தன் தொழிற்சாலையை மூடுவதாக அறிவித்தபோது, லட்சக்கணக்கில் கொடுத்து வாங்கியவர்கள் இனி சர்வீஸ் எங்கே என்று தவித்தார்கள். அடுத்த மாதமே ஹீரோ மோட்டோகார்ப் பொறுப்பேற்றது அவர்கள் அதிர்ஷ்டம். எல்லா வண்டிக்கும் அப்படி ஒரு ஹீரோ கிடைத்துவிடமாட்டார்.

கருவி கிடைக்காதது ஒருபுறம் இருக்க, காட்கோபரில் எங்களுக்கு இடமும் சுருங்குகிறது. ஈஸ்டர்ன் ஃப்ரீவேயைத் தாணே வரை நீட்டவும் குடியிருப்புகளை மாற்றிக்கட்டவும் ரமாபாய் நகர், காமராஜ் நகர் குடிசைகள் அகற்றப்படுகின்றன. வீடில்லாதவர்களுக்குக் கான்கிரீட் வீடு வருவதை வரவேற்கிறேன். ஆனால் அந்தச் சந்துகளில் பிழைத்த பஞ்சர் கடையும் லேத்தும் பைக் ஷெட்டும் எந்த மாடிக்குப் போகும் என்று யாராவது பார்த்துச் சொல்லவேண்டும்.

தமிழ்நாட்டு அரசிடமும் எனக்கு ஒரு கோரிக்கை உண்டு. நீண்ட தூரம் போகிறவர்கள் விரும்பி வாங்கும் வண்டிகளில் கணிசமானவை நம் மண்ணில் தயாராகின்றன. ராயல் என்ஃபீல்டு ஒரகடத்திலும் வல்லம் வடகாலிலும் செய்கிறது. டிவிஎஸ் ஓசூரில் செய்கிறது, பிஎம்டபிள்யூவின் சிறிய பைக்குகளும் அங்கேதான் உருவாகின்றன. நிலமும் தண்ணீரும் மின்சாரமும் கொடுக்கும் அரசு பதிலுக்குச் சிலவற்றைக் கேட்கலாம். ஒவ்வொரு மாடலின் சர்வீஸ் மேனுவலும் ஒயரிங் படமும் தமிழில், யார் வேண்டுமானாலும் விலைகொடுத்து வாங்கும்படி வரவேண்டும். ஏபிஎஸ் வேலை உட்பட எல்லாம் செய்யும் ஸ்கேனரை, பயிற்சி முடித்துச் சான்றிதழ் வாங்கிய ஷெட்டுக்காரருக்கு ஷோரூமுக்குக் கொடுக்கும் விலையிலேயே கொடுக்கவேண்டும். அந்தப் பயிற்சியை ஐடிஐகளில் மாலை நேரத்தில் வைத்தால் கடையைப் பூட்டாமல் போய்ப் படிக்கலாம். கட்டணம் கட்டிப் படிக்க நாங்கள் தயார். வெளியில் டேப்பட் பார்த்தார், செயின் மாற்றினார் என்பதற்காக வாரண்டியை மறுக்கக் கூடாது என்று விற்பனை ரசீதிலேயே அச்சடிக்கவேண்டும். சென்னையில் இப்படி ஓர் ஒப்பந்தம் கையெழுத்தானால், அதை எடுத்துக்கொண்டு மகாராஷ்டிர அரசின் கதவைத் தட்டக் காட்கோபர் மெக்கானிக்குகளைத் திரட்டிக்கொண்டு நானே போவேன்.