மூன்றாம் பிரிவில் ஒரு யோகநாதன்

யோகநாதன் என்ற பெயரைக் கேட்டால் எங்களுக்கு யார் ஞாபகம் வரும்? ஒரு மாமா. பாங்கில வேலை, இல்லாட்டி கணக்கு வாத்தியார். ஒரு இங்கிலாந்துக் கழகத்தின் நடுக்கள வீரருடைய ஜேர்சியில் அந்தப் பெயர் வரும் என்று யாரும் நினைச்சிருக்க மாட்டோம்.

விமல் யோகநாதன் 2006இல் பிறந்தவர். இலங்கைத் தமிழ்க் குடும்பம், ஊர் வேல்ஸின் வடக்கே ட்ரெலோனிட் என்ற சின்னக் கிராமம். லிவர்பூல் அகடமியில் பயின்று, பிறகு பார்ன்ஸ்லி கழகத்துக்குப் போனார். 2023 ஆகஸ்டில், 17 வயதில், லீக் கப்பில் ட்ரான்மியர் ரோவர்ஸுக்கு எதிராக முதல் அணிக்காக விளையாடினார். இங்கிலாந்தின் தொழில்முறை உதைபந்தாட்டத்தில் முதல் தமிழர் என்று செய்தி வந்தது. வெள்ளவத்தை வாட்ஸ்அப் குறூப் எல்லாம் 'எங்கட பெடியன்' என்று பகிர்ந்து தள்ளியது.

அதுக்குப் பிறகு யாராவது ஒருத்தர் கேட்பார்: "பிரீமியர் லீக்கா?" இல்ல, பார்ன்ஸ்லி மூன்றாம் பிரிவு. பெயர் மட்டும் 'லீக் வன்'. "ஓ, அப்படியா..." அதோட கதை முடிஞ்சுது. எனக்கு அந்த 'ஓ' மேலதான் கோபம்.

இங்கிலாந்தில் மேலிருந்து கீழாக நாலு பிரிவு, மொத்தம் 92 தொழில்முறைக் கழகங்கள். லீக் வன்னில் 24 கழகங்கள், ஒவ்வொன்றுக்கும் பருவத்துக்கு 46 லீக் ஆட்டங்கள். கப் ஆட்டங்கள் தனி. சனிக்கிழமை மழைக்குள்ள ஒரு ஆட்டம், செவ்வாய் இரவு இன்னொரு ஊரில் அடுத்தது. பார்ன்ஸ்லி நிலக்கரி தோண்டி வாழ்ந்த ஊர். கிரிக்கெட் பைத்தியங்களுக்கு ஒரு தகவல்: அம்பயர் டிக்கி பேர்ட் பிறந்ததும் அங்கதான். கழகம் பிரீமியர் லீக்கில் இருந்தது ஒரே ஒரு பருவம், 1997-98. விமலின் முதல் ஆட்டத்துக்கு இரண்டு மாதத்துக்குச் சற்று அதிகமான காலம் முன்பு, இரண்டாம் பிரிவுக்கு ஏறுவதற்கான இறுதி ஆட்டத்தில், வெம்பிளியில், மேலதிக நேரத்தின் கடைசி நிமிடத்தில் ஷெஃபீல்ட் வென்ஸ்டேயிடம் ஒரு கோல் வாங்கித் தோற்றது. அப்படி அடிபட்ட கழகத்தில் 17 வயதுப் பையனுக்கு இடம் கிடைப்பது சும்மா இல்ல. அதுவும் நடுக்களம். கோல் அடிச்சால் பெயர் வரும், கோல் தடுத்தால் பெயர் வரும். நடுவில் 90 நிமிடம் ஓடி, பந்தைப் பறித்து, சரியான ஆளுக்குக் கொடுக்கிறவரை ஹைலைட்ஸில் தேடித்தான் பார்க்கணும்.

மூன்றாம் பிரிவு என்றால் குறைவு என்று நினைக்கிறவர்களுக்கு இன்னொரு பெயர்: கிளோடியோ கம்மர்க்னெக்ட். இலங்கை அணிக்கு 2024இல் வந்த பின்கள வீரர். வரும்போது அவர் ஆடியது டைனமோ ட்ரெஸ்டனில், ஜெர்மனியின் மூன்றாம் பிரிவில். எங்கட தேசிய அணியிலேயே அவர் தனியாகத் தெரிந்தார்.

அப்ப விமலும் இலங்கைக்கு வரலாம்தானே? இந்தக் கேள்வி எனக்குப் பிடிக்காது. அவர் வேல்ஸின் இளையோர் அணிகளில் ஆடி வளர்ந்தவர், எங்க ஆடுவது என்பது அவருடைய முடிவு. அதோட அவர் அந்த முதல் ஆட்டத்தை ஆடிய நேரம் இலங்கை எங்க இருந்தது? 2023 ஜனவரியில் பீஃபா எங்களை இடைநிறுத்தியது. தடை நீங்கியது ஓகஸ்ட் கடைசியில். அங்க ஒரு 17 வயதுப் பையனுக்குக் கதவு திறந்த கிழமையில், இங்க தேசிய அணிக்கே சர்வதேச ஆட்டம் ஆட அனுமதி இல்ல. 1995இல் கொழும்பில் இந்தியாவை வென்று தெற்காசியக் கிண்ணம் எடுத்த நாடு இது.

அவருடைய பாதையைப் பார்த்தால் திறமையை விட எனக்குக் கண்ணில் படுவது படிகள்தான். பிள்ளை வயதில் அகடமி. 16 வயதில் இரண்டு வருட ஸ்கொலர்ஷிப், அதோட படிப்பும். பிறகுதான் ஒப்பந்தம். பெரும்பாலான பையன்களை இடையிலேயே வீட்டுக்கு அனுப்பி விடுவார்கள், அந்தக் கொடுமையும் உண்டு. ஆனால் ஒரு கழகம் வேண்டாம் என்றால் கீழ இன்னொரு கழகம் இருக்கு. எங்களுக்கு மேல்மட்ட லீக்கே ஒழுங்காக நடப்பதில்லை, மூன்றாம் பிரிவுக்கு எங்க போக?

திறமை இல்லாமல் இல்ல. குருநகர் பாடும்மீன், நாவாந்துறை சென். மேரிஸ் ஆட்டம் என்றால் யாழ்ப்பாணத்தில் ஊரே திரளும். கொட்டாஞ்சேனையில் சந்துக்குள்ள செருப்பை கோல் கம்பமாக வைத்து ஆடுகிற பொடியன்கள், சுகததாச அரங்குக்கு நடந்தே போகிற தூரத்தில் இருக்கிறார்கள். மன்னாரின் டக்சன் பியூஸ்லஸ் இலங்கை அணிக்கு ஆடினார், பிறகு கழக உதைபந்தாட்டத்துக்காக மாலைதீவுக்குப் போனார். 2022இல் அங்கேயே காலமானார். தேசிய வீரர் ஒருவருக்கு அடுத்த படி கடலுக்கு அங்கால இருந்தது.

காலி வீதியில் பின்னேரம் ரியூஷனுக்கு ஓடுகிற பிள்ளைகளைப் பார்த்து 'பெற்றோர்தான் கெடுக்கினம்' என்று சொல்வது லேசு. நான் சொல்ல மாட்டேன். ஓ.எல். முடிந்ததும் பந்தை விடச் சொல்கிற அம்மாவிடம், விடாட்டி அடுத்து என்ன இருக்கு என்று காட்ட எங்களிடம் ஒன்றும் இல்ல. ட்ரெலோனிட்டில் இருந்த அம்மா அப்பாவுக்குக் காட்ட ஏதோ இருந்தது.

லீக் வன் ஆட்டங்கள் அதிகமும் சனிக்கிழமை, அங்க மூன்று மணிக்கு. இங்க ஏழரை, மாரி காலத்தில் எட்டரை. மன்செஸ்டர் யுனைட்டட் தோற்றதா என்று பார்க்கிற அதே போனில் இன்னும் இரண்டு தட்டு கீழ இறங்கினால் பார்ன்ஸ்லி ஸ்கோரும் இருக்கும்.