கரண்டி நம்ம கையில், கணக்குநோட்டு யார் கையில்?

வெள்ளன ஆறு மணிக்கு இளையரசனேந்தல் பஸ் நிறுத்தத்தில் வந்து நின்று பாருங்கள். கோவில்பட்டி பஸ்ஸுக்குக் காத்து நிற்கிறவர்களில் பாதிப்பேர் கட்டட வேலைக்காரர்கள். ஒரு கையில் தூக்குச்சட்டி, இன்னொரு கையில் சாக்குப்பை. பைக்குள் கரண்டி, மட்டக்கோல், தூக்குக்குண்டு, ரசமட்டம். பொம்பளைகள் கையில் சும்மாட்டுத் துணி மட்டும்தான். மழையை நம்பிக் கரிசக்காடு கெட்டபிறகு எங்கள் தெருவுக்கு வாய்த்த பொழப்பு இது. பருத்தி எடுத்த கை, தீப்பெட்டி ஒட்டின கை, இன்றைக்குச் சாந்துச்சட்டி தூக்குது.

அதே நிறுத்தத்தில் மூணு மணி நேரம் கழித்துப் பஸ் ஏறி வங்கிக்குப் போகிறவன் நான். எழுத்தர் வேலை. என் அப்பாவும் அந்த ஆறு மணிக் கூட்டத்தில் நின்றவர்தான்.

போன மாதம் எங்கள் தெருப் பையன் ஒருத்தன் கவுண்டருக்கு வந்தான். "அண்ணே, படிப்புக் கடன் கிடைக்குமா?" என்றான். சிவில் இஞ்சினியரிங் முடித்து இரண்டு வருஷமாக ஒரு கம்பெனியில் சைட் இஞ்சினியராக இருக்கிறான். அதை விட்டுவிட்டு மேலே படிக்கணுமாம். கட்டுமானத் திட்ட மேலாண்மை. கூட வந்திருந்த அவன் அப்பா முப்பது வருஷக் கொத்தனார். அவர் என்னைப் பார்த்துக் கேட்டார்: "ஏய்யா, கட்டடம் கட்டுறதுக்குப் படிப்பு இருக்கு, சரி. கட்டுறவனை நடத்துறதுக்கும் ஒரு படிப்பா? மேஸ்திரி போதாதா?"

பின்னால் வரிசை நின்றது. கவுண்டரில் வைத்து அவருக்குப் பதில் சொல்ல முடியவில்லை. அந்தப் பதிலைத்தான் இங்கே எழுதுகிறேன்.

அவருக்குத் தொழிலில் தெரியாதது எதுவும் இல்லை. கரிசல் மண் மழைக்கு ஊதும், கோடைக்கு வெடிக்கும். அதன்மேல் கட்டின சுவர் விரியாமல் நிற்க வானம் எம்புட்டு ஆழம் தோண்டணும், கரிசல் எங்கே முடிந்து கெட்டி மண் வருது, கிராவலை எப்படி நிரப்பித் தண்ணி விட்டு இறுக்கணும் என்பதெல்லாம் அவருக்குக் கைக்கணக்கு. இதே மண்ணுக்காக ரூர்க்கியில் இருக்கிற மத்தியக் கட்டட ஆய்வு நிறுவனம், அடியில் குமிழ் வைத்த தூண் அடித்தளத்தை உருவாக்கியது. அது பாடப்புத்தகத்தில் ஏறியது. நம்ம அப்பன்மார்களின் கைக்கணக்கு ஏறவில்லை. பேப்பரில் ஏறாத அறிவுக்குக் கூலி உண்டு, அதிகாரம் கிடையாது. நம்ம சனங்க கட்டடத் தொழிலில் இருப்பதும் இல்லாமல் இருப்பதும் இந்த இடத்தில்தான்.

பேப்பர் என்றால் என்ன என்பது எங்கள் ஊர்க்காரனுக்கு நன்றாகத் தெரியும். சங்கரன்கோவில் தாலுகாவில் இருந்த எங்கள் பிர்கா 2008இல் வருவாய்க் கணக்கில் கோவில்பட்டிக்கு, தூத்துக்குடி மாவட்டத்துக்கு மாற்றப்பட்டது. ஊராட்சி நிர்வாகமோ அதன்பிறகும் பல வருஷம் குருவிகுளம் ஒன்றியத்திலேயே நின்றது. சான்றிதழுக்கு ஒரு திசை, வேலைக்கு ஒரு திசை. எந்தப் பேப்பர் எந்த ஆபீசில் இருக்கிறது என்று தெரியாதவன் பஸ் காசிலேயே அழிந்தான்.

கட்டடத்திலும் இதே கதைதான். கலவை போடுகிறவனுக்கும் கட்டடத்துக்கும் நடுவில் எத்தனை பேப்பர்! டெண்டர், மதிப்பீடு, ஒப்பந்தம், வேலை அட்டவணை, அளவுப் புத்தகம், பில். வருகைப் பதிவேடு கடைசிப் பேப்பர். நம்ம ஆள் பேர் அந்தக் கடைசிப் பேப்பரில் மட்டும்தான் வரும். அதுவும் சில இடத்தில் வராது.

கட்டுமானத் திட்ட மேலாண்மை என்பது இந்தப் பேப்பர்களின் படிப்பு. காலம், காசு, ஆள், பொருள், ஒப்பந்தம், பாதுகாப்பு ஆகியவற்றை ஒன்றோடொன்று கோர்க்கக் கற்றுக் கொடுப்பது. 1957 வாக்கில் அமெரிக்காவின் டூபான்ட் கம்பெனி தன் ஆலை வேலைகளுக்காக ஒரு முறையை உருவாக்கியது. எந்தெந்த வேலை ஒரு நாள் பிந்தினால் மொத்தமும் ஒரு நாள் பிந்துமோ, அந்த வேலைகளைச் சங்கிலியாகக் கோர்த்துப் போடுவது. படிப்பில் இதைத் தீர்வுப் பாதை என்கிறார்கள். கேட்கப் பெரிசாக இருக்கும். ஒரு ஓட்டையறை வீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். வானம், அடித்தளம், சுவர், லிண்டல், சென்ட்ரிங், கம்பி, கான்கிரீட். கான்கிரீட் போட்டபிறகு குறைந்தது 7 நாள் தண்ணி கட்டணும். தளத்தின் அடியில் கொடுத்த முட்டு, நாலரை மீட்டர் வரை இடைவெளி உள்ள தளத்துக்கு 7 நாள், அதற்கு மேல் போனால் 14 நாள் நிற்கணும். இது இந்தியத் தர நிர்ணய விதி. அந்த நாட்களில் கதவு சன்னல் வேலையைப் பார்த்துக்கொள்ளலாம். தண்ணி கட்டுகிற நாளைத் திருட முடியாது. எந்த நாளைச் சுருக்கலாம், எந்த நாளைச் சுருக்கக் கூடாது என்பதுதான் இந்தப் படிப்பின் பால பாடம்.

இதை வெறும் நாள் கணக்கு என்று நினைக்காதீர்கள். முதலாளி அவசரப்பட்டு முட்டைப் பிடுங்கச் சொன்னால் மேஸ்திரி பயப்படுவார், கான்கிரீட் பயப்படாது. விழும். விழுகிறபோது கீழே நிற்பது யார்?

2014 ஜூன் 28 அன்று சென்னை மவுலிவாக்கத்தில் 11 மாடிக் கட்டடம் கட்டும்போதே சரிந்து 61 பேர் செத்தார்கள். ஆந்திராவிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் தமிழ்நாட்டு ஊர்களிலிருந்தும் பிழைக்க வந்த கூலிகள். கட்டுகிற கட்டடம் மட்டுமா? கட்டி நிறுத்திய சுவரும் கொன்றது. 2019 டிசம்பர் 2 விடியற்காலையில் மேட்டுப்பாளையம் நடூரில் தனியார் சுற்றுச்சுவர் மழையில் இடிந்து வீடுகள்மேல் விழுந்து 17 தலித்துகள் தூக்கத்திலேயே செத்துப்போனார்கள். அந்தச் சுவரால் ஆபத்து என்று முன்னமே சொன்னோம், யாரும் கேட்கவில்லை என்றார்கள் அந்த சனங்க. கேட்கமாட்டார்கள். சேரிக்காரன் வாயால் சொன்னது புகார். அதையே ஒரு இஞ்சினியர் அளந்து, அடித்தளம் எவ்வளவு, தண்ணி வடியத் துளை எங்கே என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் அது அறிக்கை. நம்ம தெருக்களை ஒட்டி நிற்கிற சுவர்களுக்கு அப்படி அறிக்கை எழுத நம்மிடம் எத்தனை பேர் இருக்கிறார்கள்?

அம்பேத்கர் இதை எண்பது வருஷத்துக்கு முந்தியே பார்த்துவிட்டார். அவர் 1942 முதல் 1946 வரை வைசிராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்தார். பொதுப்பணியும் பாசனமும் மின்சாரமும் அவர் பொறுப்பில்தான் இருந்தன. 1942 அக்டோபரில் வைசிராய் லின்லித்கோவிடம் அவர் கொடுத்த மனுவில், தாழ்த்தப்பட்ட மாணவர்களின் அறிவியல், தொழில்நுட்பப் படிப்புக்குப் பணம் ஒதுக்கச் சொன்னார். அதே மனுவில் மத்தியப் பொதுப்பணித் துறை ஒப்பந்தங்களையும் கேட்டார். ஆயிரத்துக்கு மேற்பட்ட ஒப்பந்தக்காரர்கள் பட்டியலில் தாழ்த்தப்பட்டவர் ஒரே ஒருவர் என்று எடுத்துக் காட்டினார். படிப்பு, ஒப்பந்தம் இரண்டையும் அவர் பிரிக்கவில்லை. 1944இல் உயர்கல்வி உதவித்தொகை வந்தது. நாம் அதைப் பிடித்துக்கொண்டோம், படித்தோம், வேலைக்குப் போனோம். நானே அந்த வழியில் வந்தவன்தான். ஆனால் ஒப்பந்தத்தை மறந்துபோனோம்.

அதனால்தான் இந்தப் படிப்பைப் படியுங்கள் என்கிறேன். சும்மா சொல்லிவிட்டுப் போக முடியாது, வழியும் சொல்ல வேண்டும். 1794இல் வெள்ளைக்காரன் நிலம் அளக்க ஆள் தயாரிக்கத் தொடங்கிய பள்ளிதான் இன்றைய கிண்டி பொறியியல் கல்லூரி. அங்கே இதற்கு எம்.இ. இருக்கிறது. சென்னை ஐ.ஐ.டி.யிலும் திருச்சி என்.ஐ.டி.யிலும் எம்.டெக். இருக்கிறது. 1983இல் கட்டுமானத் தொழில்துறையே முன்வந்து தொடங்கிய நிக்மார் இருக்கிறது, அது தனியார், கட்டணம் நம்ம வீட்டுக் கணக்குக்கு எட்டாது. மாநில அரசு இடங்களில் பட்டியல் சாதிக்கு 18 சதவீதம், அதற்குள் 2009 முதல் அருந்ததியருக்கு 3, பழங்குடிக்கு 1. மத்திய நிறுவனங்களில் 15, ஏழரை. கேட் தேர்வில் தேறி முழுநேரமாகச் சேர்ந்தவர்களுக்கு மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை உண்டு. பெற்றோர் வருமானம் ஆண்டுக்கு இரண்டரை லட்சத்துக்குள் இருந்தால் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை. ஒரு கண்ணி இருக்கிறது, பார்த்துக் கால் வையுங்கள். நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்தவர்களை அந்த உதவித்தொகையிலிருந்து 2018 வழிகாட்டுதல் விலக்கியது. புரோக்கர் 'சீட் ரெடி' என்று கூப்பிடுவான். அந்தச் சீட்டின் விலை உங்கள் அப்பாவின் பத்து வருஷக் கூலி.

கடனைப் பற்றி வங்கிக்காரனாக ஒன்று. மாதிரிக் கல்விக்கடன் திட்டத்தில் ஏழரை லட்சம் வரை சொத்து ஈடு வேண்டியதில்லை. கேட்டால் எழுத்தில் கேளுங்கள். நான் முன்பு வேலை பார்த்த ஒரு கிளையில் விலாசத்தில் 'காலனி' என்று பார்த்ததும் விண்ணப்பத்தை ஒதுக்கி வைத்த அதிகாரியைப் பார்த்திருக்கிறேன். வாயால் 'இல்லை' என்கிறவர்கள் எழுதித் தரச் சொன்னால் யோசிப்பார்கள். அங்கேயும் பேப்பர்தான்.

தோழர்கள் சிலர் முகம் சுளிப்பது தெரிகிறது. மேலாண்மைப் படிப்பு முதலாளிக்கு எடுபிடி தயாரிக்கிற படிப்புத்தானே, நம்ம பையனை நம்ம சனங்க முதுகிலேயே ஏற்றிவிடவா சொல்கிறாய் என்று கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். அந்தப் பையனே அதைச் சொன்னான். கவுண்டரை விட்டு வெளியே வந்து டீ குடிக்கும்போது சொன்னான்.

"அண்ணே, சைட்ல ஒரு சித்தாள். கைப்பிள்ளைக்காரி. பால் குடுக்கப் போயி முக்கால் மணி நேரம் உக்காந்துட்டா. அரை நாள்னு போடுன்னாங்க. போட்டேன். எங்க சித்தி வயசு அவளுக்கு. சாயங்காலம் கூலியை எண்ணிப் பாத்துட்டு என்னை ஒரு பார்வை பாத்தாண்ணே. ஒண்ணும் கேக்கல."

அவன் மேலே படிக்க நினைத்ததற்குக் காரணம் அந்தப் பார்வைதான் என்று நான் சொன்னால் அது பொய். சம்பளம் போதவில்லை, அதுதான் காரணம். ஆனால் அந்த அரை நாளை அவன் மறக்கவில்லை. நோட்டு அவன் கையில் இருந்தது, எழுதச் சொன்னது வேறு ஆள். படிக்காமல் இருந்தால் இந்தப் பாவம் வராது என்று சொல்லலாம். அப்போது அந்த நோட்டை வேறொருத்தன் வைத்திருப்பான், கூசாமல் அரை நாள் எழுதுவான். நம்ம ஆள் போய் உட்கார்ந்தால் தானாக நியாயம் வந்துவிடும் என்று நான் நம்பவில்லை. சங்கத்தோடு தொடர்பு அறுந்த படிப்பு எடுபிடியைத்தான் தயாரிக்கும். 1996இல் கட்டடத் தொழிலாளருக்கென்று வந்த மத்தியச் சட்டமும் நலவரியும் தொழிலாளர்கள் போராடி வந்தவை. அந்தப் பாடத்தைக் கல்லூரியில் ஒரு தாளாகப் படிப்பவன் சங்கத்தில் வந்து நம்ம சனங்களுக்கு விளக்க வேண்டும்.

பொம்பளைகள் விசயம் இன்னும் மோசம். இருபது வருஷம் சாந்து சுமந்தாலும் சித்தாள் சித்தாள்தான். ஆம்பளைப் பையன் மூணு வருஷத்தில் கரண்டி பிடிக்கிறான். அவளுக்குக் கரண்டியைக் கொடுப்பதில்லை, நம்ம வீட்டு ஆம்பளைகளும் கொடுப்பதில்லை. அந்தச் சித்தாள் மகள் இந்தப் படிப்புக்கு வர வேண்டும். சைட்டில் பிள்ளைத்தொட்டில் கட்ட இடம், கக்கூஸ், முழுக்கூலி இவையெல்லாம் வேலை அட்டவணையிலேயே எழுதப்பட வேண்டியவை என்று அவளுக்கு யாரும் கற்றுக் கொடுக்க வேண்டியதில்லை.

கடைசியாக ஒப்பந்தம். பட்டம் வாங்கி, அனுபவமும் சேர்த்து, நம்ம பையன் சொந்தமாக டெண்டர் போடப் போகிறான் என்று வையுங்கள். முன்வைப்புத் தொகை கேட்பார்கள். சொத்து மதிப்புச் சான்று கேட்பார்கள். வங்கி உத்தரவாதம் கேட்பார்கள், அதற்கு நாங்கள் ஈடு கேட்போம். இதே மாதிரி வேலை முன்பு செய்தாயா என்று கேட்பார்கள். முதல் வேலையே தராமல் முந்தின வேலையைக் கேட்பது என்ன நியாயம்? கர்நாடகம் 2016இல் தன் கொள்முதல் சட்டத்தைத் திருத்தி 50 லட்சம் வரையிலான அரசு வேலைகளில் 24.1 சதவீதத்தைப் பட்டியல் சாதி, பழங்குடி ஒப்பந்தக்காரர்களுக்கு ஒதுக்கியது. 2023இல் அந்த வரம்பை 1 கோடியாக உயர்த்தியது. தமிழ்நாட்டு டெண்டர் சட்டம் 1998இல் வந்தது. அதிலும் அப்படி ஒரு பிரிவு வேண்டும். ஆதிதிராவிடர் குடியிருப்பில் கட்டுகிற தொகுப்பு வீட்டையாவது, சமுதாயக் கூடத்தையாவது நம்ம ஆள் ஒப்பந்தம் எடுத்துக் கட்டட்டும். கல்வியில் இடம் கேட்ட இயக்கங்கள் அளவுப் புத்தகத்திலும் இடம் கேட்க வேண்டும்.

அந்தப் பையனின் விண்ணப்பத்தை வாங்கி வைத்திருக்கிறேன். கடன் கிடைக்குமா, கேட் தேறுவானா, எனக்குத் தெரியாது. அவன் அப்பாவுக்கு என் பதில் இதுதான்: மேஸ்திரி போதும் மாமா, மேஸ்திரிக்கிட்ட நோட்டு இருந்தால். முப்பது வருஷமாக உங்களிடம் அதைத் தரவில்லை. உங்கள் மகன் கேட்டு வாங்கப் போகிறான். வாங்கினபிறகு அதில் யாருக்கு அரை நாள், யாருக்கு முழு நாள் எழுதுகிறான் என்று நீங்களும் நானும் பக்கத்தில் நின்று பார்ப்போம்.