குருவிக்கு ஓர் இடுக்கு

சென்ற ஆண்டு பங்குனிப் பொங்கலுக்கு முந்தைய வாரம். வெள்ளையடிக்க ஆள் வருவதற்குள் ஒட்டடை அடித்துவிடலாம் என்று வாசல் பக்கம் தொடங்கினேன். கேபிள் ஒயரில் காய்ந்த சருகும் நூலாம்படையுமாக ஒரு கொத்து தொங்கியது. ஒட்டடைக்குச்சியால் ஒரே இழுப்பு. கீழே விழுந்ததைக் குனிந்து பார்த்தபோதுதான் அதற்கு ஒரு வாசல் இருப்பது தெரிந்தது. வாசலுக்கு மேல், மழையும் வெயிலும் இறங்காதபடி ஒரு சின்னத் தாழ்வாரம். உள்ளே பஞ்சு மெத்தை. அதில் இரண்டு முட்டைகள், ஒன்று உடைந்திருந்தது. தேன்சிட்டின் கூடு அது. அன்று மாலை வரை அந்தப் பெட்டைச் சிட்டு ஒயருக்கும் முருங்கைக்குமாகப் பறந்து கத்திக்கொண்டே இருந்தது.

தேன்சிட்டின் கூட்டைக் கட்டுவது பெட்டைதான். சிலந்தி நூலைச் சுருட்டி எடுத்துவந்து, அதன்மேல் மரப்பட்டைத் துணுக்கு, சருகு, புழு எச்சம் என்று ஒட்டிவைக்கும். தூரத்திலிருந்து பார்க்கும் காக்கைக்கும் வல்லூறுக்கும் அது காற்றில் சிக்கிய குப்பையாகத் தெரியும். அப்படித் தெரிவதுதான் கூட்டுக்குக் காவல். குப்பையைப் பார்த்தால் எல்லாப் பிராணியும் கடந்துபோய்விடும். கூட்டித் தள்ளுவது மனிதன் மட்டும்தான். வீட்டைச் சுற்றிப் பறவைகள் குறைவதன் காரணங்களைத் தேடும்போது இந்தச் சின்ன விஷயத்திலிருந்து தொடங்கலாம் என்று நினைக்கிறேன். சுத்தம் என்று நாம் வைத்திருக்கும் கணக்கில் பறவைக்கு இடமில்லாமல் போயிருக்கிறது.

முற்றம், எரு, இறப்பு

குறுந்தொகையின் 46-ஆவது பாட்டில் ஒரு சிட்டுக்குருவி வருகிறது. முற்றத்தில் காயும் தானியத்தைத் தின்று, ஊர்ப்பொதுவிடத்து எருப்பொடியில் குளித்து, வீட்டுக் கூரையின் இறப்பில் குஞ்சுகளோடு அடைகிறது. பிரிவின் மாலைப்பொழுதைச் சொல்ல வந்த பாட்டு, போகிற போக்கில் ஒரு பறவையின் வாழ்க்கைத் தேவை முழுவதையும் சொல்லிவிடுகிறது. உண்ணத் தானியம், உடலில் ஒட்டிய பேனை உதிர்க்க மண்தூசி, குஞ்சு பொரிக்க ஓர் இடுக்கு. ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகள் இந்த மூன்றும் நம் வீடுகளில் கேட்காமலே கிடைத்தன. ஒரே தலைமுறையில் மூன்றும் போயின.

முற்றம் போனது, இருக்கும் இடத்தில் பேவர் பிளாக் பதித்துவிட்டோம், மண்தூசிக்கு வழியில்லை. அரிசி கல் நீக்கிப் பாக்கெட்டில் வருகிறது. முறத்தில் புடைப்பதும் இல்லை, நொய் சிந்துவதும் இல்லை. ஓட்டு வீட்டின் கைமரச் சந்து, சாரம் கட்ட விட்ட ஓட்டை, சாமி படத்தின் பின்புறம், பழைய மீட்டர் பெட்டி என்று குருவி குடியிருந்த இடமெல்லாம் கான்கிரீட்டும் பால்ஸ் சீலிங்கும் வந்தபோது அடைபட்டுப் போயின.

பழியை எங்கே போடுவது?

குருவி குறைந்ததற்குக் கைப்பேசிக் கோபுரம்தான் காரணம் என்று பல ஆண்டுகளாகப் பேசிவருகிறோம். 2018-இல் வந்த ‘2.0’ திரைப்படம் அந்த நம்பிக்கையை மேலும் பரப்பியது. ஆனால் அதுதான் காரணம் என்று இதுவரை உறுதியாக நிறுவப்படவில்லை. பறவை ஆர்வலர்கள் பதிந்த லட்சக்கணக்கான குறிப்புகளைத் தொகுத்து 2020-இல் வெளியான ‘இந்தியப் பறவைகளின் நிலை’ அறிக்கை, சிட்டுக்குருவி நாடு முழுவதும் ஏறக்குறைய நிலையாகவே இருப்பதாகவும் பெருநகரங்களில்தான் குறைந்திருப்பதாகவும் சொன்னது. கோபுரம் இல்லாத கிராமம் இன்று எங்கே இருக்கிறது? கோபுரம் இருந்தும் ஓட்டு வீடும் தொழுவமும் களமும் உள்ள ஊரில் குருவி இருக்கிறதென்றால், நாம் பார்க்க வேண்டியது நம் வீட்டுச் சுவரைத்தான்.

இன்னொரு தவறான எண்ணமும் உண்டு. கிண்ணத்தில் கம்பும் தண்ணீரும் வைத்தால் கடமை முடிந்தது என்று நினைக்கிறோம். தண்ணீர் வைப்பது நல்லது. ஆனால் தானியம் தின்னும் குருவிகூடத் தன் குஞ்சுக்கு ஊட்டுவது பெரும்பாலும் புழுவும் பூச்சியும்தான். செம்பருத்தியில் மாவுப்பூச்சி கண்டதும் மருந்து தெளிக்கிறோம். சருகைக் கூட்டி எரிக்கிறோம். மருதாணி வேலியை வெட்டிவிட்டுச் சுவர் எழுப்புகிறோம். பூச்சியில்லாத தோட்டத்தில் குஞ்சு வளராது. தையல்சிட்டுக்கு வேண்டியது நீளமான, அகலமான ஓர் இலை. அதன் ஓரங்களை அலகால் குத்தி, நாரும் பஞ்சும் கோத்துப் பை தைத்துக்கொள்ளும். கொண்டைக்குருவிக்குப் பால்கனித் தொட்டியில் ஓர் அடர்ந்த செடி போதும். முட்டையிட்டு, அடைகாத்து, குஞ்சு வெளியேற அதற்குத் தேவைப்படுவது ஏறத்தாழ நான்கு வாரம். மாதக் காலண்டரில் ஒரே ஒரு தாள்.

இருட்டில் இருந்த ஊர்

அந்த ஒரு தாளைக் கொடுக்க நம் மக்களுக்கு மனம் இல்லாமல் இல்லை. 2020-இல் சிவகங்கை மாவட்டம் பொத்தகுடியில், தெருவிளக்கு சுவிட்ச் இருந்த பெட்டிக்குள் ஒரு பறவை முட்டையிட்டிருந்தது. குஞ்சு பறக்கும் வரை விளக்கே வேண்டாம் என்று ஊர் கூடி முடிவெடுத்தது. ஒரு மாதத்துக்கும் மேலாகத் தெரு இருட்டில் இருந்தது. அதே மாவட்டத்தில் வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயத்தை ஒட்டிய ஊர்கள் தீபாவளிக்கு வெடி போடுவதில்லை. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், காட்டுப் பறவையின் முட்டையைச் சேதப்படுத்துவதையும் கூட்டைக் கலைப்பதையும் வேட்டையாடுதல் என்ற வரையறைக்குள்ளேயே வைத்திருக்கிறது. சட்டத்தைப் படித்தா அந்த ஊர்க்காரர்கள் விளக்கை அணைத்தார்கள்? கூட்டைக் கலைத்தால் பாவம் என்ற ஒரு சொல் போதுமாக இருந்தது.

புறாவால் அவதிப்படுகிறவர்கள் எதிர்க்கேள்வி கேட்பார்கள். அதில் நியாயம் உண்டு. மாடப்புறா எச்சம் நுரையீரலைப் பாதிக்கக்கூடியது. அடுக்குமாடிகளில் வலை கட்டுவதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் புறா நகரங்களில் பெருகியதற்கு, மூட்டை மூட்டையாக நாம் கொட்டும் தானியமும் ஒரு காரணம். சிட்டுக்குருவிக்கு வைக்கும் துளை சுமார் மூன்று சென்டிமீட்டர் அகலம் இருந்தால் போதும். அதில் புறா நுழைய முடியாது. எல்லாப் பறவைக்கும் சேர்த்து ஜன்னலை அடைப்பதற்கும், எந்தப் பறவைக்கு எவ்வளவு இடம் என்று அறிந்து விடுவதற்கும் இடையில் இருப்பது கொஞ்சம் அறிவுதான்.

விதியில் ஒரு வரி

தனி மனிதரின் இரக்கத்தை மட்டும் நம்பி இதை விட்டுவிட முடியாது. 2003-இல் மழைநீர் சேகரிப்பைத் தமிழகம் கட்டாயமாக்கியபோது முணுமுணுப்பு இல்லாமல் இல்லை. இன்று புது வீட்டு வரைபடத்தில் அந்தத் தொட்டி இல்லாமல் இருப்பதில்லை. இங்கிலாந்தின் பிரைட்டன் நகரில், ஐந்து மீட்டருக்கு மேல் உயரும் புதுக் கட்டடங்களில் உழவாரன் குருவிகளுக்கு இடம் வைக்க வேண்டும் என்று அனுமதியிலேயே நிபந்தனை சேர்த்தார்கள். நம் 2019-ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த கட்டட விதிகளிலும் இப்படி ஒரு வரி சேர்க்கலாம். சன்ஷேடுக்கு அடியில், மேற்கு வெயில் படாத பக்கம், மின்விசிறிக்கு எட்டாத வெளிச்சுவரில் இரண்டு துளைக் கற்கள். கொத்தனாருக்கு அது அரைமணி நேர வேலை. அரசுப் பள்ளிகளிலும் குடியிருப்பு வாரிய வீடுகளிலும் அரசே இதைத் தொடங்கிக் காட்டலாம். அரசு மரங்களை வெட்டுவதையும் வீட்டார் வெள்ளையடிப்பதையும் கூடு காலியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுச் செய்யலாம். இதற்கு விதியும் வேண்டாம், செலவும் இல்லை.

தத்தித் தத்தித் தரையில் திரியும் குஞ்சைக் கண்டால் தூக்கிக்கொண்டு ஓட வேண்டாம். இறகு முளைத்த குஞ்சு பறக்கப் பழகுகிறது. தாய் பக்கத்தில்தான் இருக்கும். பூனையை விரட்டிவிட்டு விலகி நின்றால் போதும். இறகு முளைக்காத குஞ்சு விழுந்து கிடந்தால் எடுத்துக் கூட்டிலேயே வைக்கலாம். மனிதக் கை பட்டால் தாய் சேர்க்காது என்பது உண்மையல்ல.

இந்த ஆண்டும் பங்குனி வந்தது. அதே ஒயரில் மறுபடியும் ஒரு கொத்து. “அண்ணாச்சி, ஒயர்ல குப்பை தொங்குது, இழுத்துரவா?” என்று பிரஷ்ஷோடு ஏணியில் நின்ற பெயின்டர் கேட்டார். “வேண்டாம்ணே, உள்ள குஞ்சு கெடக்கு” என்றேன். அவர் ஏணியை ஓசைப்படாமல் நகர்த்திக்கொண்டார். எங்கள் வாசல் சுவரில் இரண்டடி மட்டும் இப்போது பழைய சுண்ணாம்போடு நிற்கிறது.