பிரியாத கணக்கும் கணக்குத்தான்

எக்ஸ் வர்க்கம் + 7 எக்ஸ் + 12 என்ற இருபடிக் கோவையைக் காரணிப்படுத்தச் சொன்னால் நாம் என்ன செய்கிறோம்? பெருக்கினால் 12, கூட்டினால் 7 வரும் இரண்டு எண்களைத் தேடுகிறோம். 3, 4 அகப்பட்டதும் (எக்ஸ் + 3)(எக்ஸ் + 4) என்று எழுதி அடியில் கோடு போட்டுவிடுகிறோம். பயிற்சியில் வரும் கணக்கெல்லாம் இப்படியே அழகாகப் பிரிந்துவிடுகின்றன. குறையே அதுதான் என்பது என் கருத்து.

ஒருமுறை மாதிரித் தேர்வில் 12 என்பது 11 என்று அச்சாகிவிட்டது. 11-ஐ 1, 11 என்றுதான் பிரிக்க முடியும். கூட்டினால் 7 வராது. அரை மணி நேரம் அதிலேயே உட்கார்ந்திருந்தேன். 'பிரியாது' என்று எழுதத் துணிவு வரவில்லை. கேள்வி தவறு என்று தோன்றவே இல்லை. நான்தான் மக்கு என்று நினைத்து அழுதேன்.

பிறகு ஒரு மார்கழிக் காலையில் வாசலில் பத்துக்குப் பத்து புள்ளி வைத்தேன். வரிசை எக்ஸின் கெழு, நிரல் கடைசி எண். இரண்டும் 1 முதல் 10 வரை. முழு எண்களில் பிரியும் கோவைகளை மட்டும் சுழித்தேன். ("இது என்ன கோலமடி?" என்றார் அம்மா.) நூறு புள்ளிகளில் சுழி விழுந்தவை 14 மட்டுமே! மற்ற 86-ஐ நமக்கு யாரும் அறிமுகப்படுத்தவில்லையே!

பிரியுமா என்று பார்க்க எளிய வழி உண்டு. நடு எண்ணின் வர்க்கத்திலிருந்து கடைசி எண்ணின் நான்கு மடங்கைக் கழிக்க வேண்டும். 49-இல் 48 போனால் 1. அது முழு வர்க்கம், ஆகவே பிரியும். 49-இல் 44 போனால் 5, பிரியாது. நான்கால் பெருக்கி வர்க்கமாக்கும் ஸ்ரீதரரின் விதியிலிருந்து வருவது இது. அவருடைய இயற்கணித நூல் கிடைக்கவில்லை. 1150-இல் பீஜகணிதம் இயற்றிய பாஸ்கரர் எடுத்துக்காட்டியதால் விதி மட்டும் தப்பியது. நமக்கோ இது 'தன்மைகாட்டி' என்ற பெயரில் பின்னால், சமன்பாட்டுப் பாடத்தில்தான் வருகிறது.

காரணிப் பாடத்திலேயே இதைச் சொல்லி, பத்துக் கணக்குக்கு இரண்டாவது பிரியாதவையாகக் கொடுத்து, 'ஏன் பிரியாது?' என்று கேட்டால் என்ன? சுமாராகப் படிக்கும் பெண்கள் குழம்புவார்கள் என்பார்கள். குழம்பியவள் நான், விதி தெரியாததால்தான் குழம்பினேன்.

எக்ஸ் வர்க்கம் + 6 எக்ஸ் + 7. இதை உங்கள் தங்கையிடம் கொடுத்துப் பாருங்கள். 36-இல் 28 போனால் 8.

— பத்தாம் வகுப்பு மாணவி, கரிக்கலாம்பாக்கம்