தமக்குத் தாமே பரீட்சகர்

பருவத் தேர்வு முடிவுகள் வெளியாகும் நாட்களில் கல்லூரி விடுதிகளிலும் பேருந்து நிறுத்தங்களிலும் மாணவர்கள் பேசிக்கொள்வதைச் சற்றுக் காது கொடுத்துக் கேட்பவர்களுக்கு ஒரு விஷயம் புலப்படாமற் போகாது. எல்லாப் பாடங்களிலும் ‘ஓ’ கிரேடு வாங்கியவனைப் பற்றிப் பேச்சு வந்தால், ‘அவனுக்கு மூளை அப்படி’ என்பார்கள். இரண்டு மூன்று அரியர் விழுந்தவனைப் பற்றிப் பேச்சு வந்தால், ‘அவன் எங்கே படித்தான்?’ என்பார்கள். ஒருவனுடைய வெற்றியைப் பிறவியின் கணக்கிலும் மற்றவனுடைய தோல்வியைச் சோம்பலின் கணக்கிலும் எழுதி முடித்துவிடுகிற இந்தத் தீர்ப்பு, சொல்பவர்களுக்கு எவ்வளவு சௌகரியமாக இருந்தாலும், பெரும்பாலும் பிழையானது என்பதே என் அபிப்பிராயம்.

ஏனெனில், தோற்றவர்களுள் அநேகர் உண்மையிலேயே படித்தவர்கள். பரீட்சைக்கு முந்தின வாரம் முழுவதும் கண் விழித்து, கைடுகளையும் பிரதியெடுத்த குறிப்புகளையும் வரி விடாமல் வாசித்து, பச்சையும் மஞ்சளுமாக அடிக்கோடிட்டு, ‘எல்லாம் தெரியும்’ என்ற நம்பிக்கையோடு மண்டபத்துக்குள் நுழைந்தவர்கள். அவர்களிடம் குறைவாயிருந்தது பிரயாசை அன்று. தமக்கு எது தெரியாது என்பதைப் பரீட்சைக்கு முன்பே கண்டுகொள்ளும் வழக்கமும், அப்படிக் கண்டுகொள்வதால் உண்டாகும் சிறிய அவமானத்தைப் பொறுத்துக்கொள்ளும் மனப்பான்மையுமே குறைவாயிருந்தன. உயர்ந்த மதிப்பெண் பெறுகிறவர்களின் பழக்கங்கள் என்று எத்தனையோ சொல்லப்படுகின்றன. அவற்றைத் திரட்டிப் பார்த்தால், நாள்தோறும் தமக்குத் தாமே பரீட்சகராக இருத்தல் என்ற இந்த ஒரு குணத்திலேயே பெரும்பாலானவை வந்து அடங்கிவிடும்.

இதைச் சற்று அருகிலிருந்து பார்ப்போம். பௌதிகம் படிக்கும் மாணவன் ஒருவன் கார்னோ இயந்திரத்தின் பயனுறு திறனைத் தருவிக்கும் பகுதியை வாசிக்கிறான் என்று வைத்துக்கொள்வோம். வெப்பநிலை மாறா நிகழ்வுகள் இரண்டு, வெப்பப் பரிமாற்றமில்லா நிகழ்வுகள் இரண்டு. உறிஞ்சப்பட்ட வெப்பத்துக்கு ஒரு கோவை, வெளியேற்றப்பட்ட வெப்பத்துக்கு ஒரு கோவை. இரண்டிலும் கன அளவுகளின் விகிதத்துக்கு ஒரு மடக்கை. ஒன்றை மற்றொன்றால் வகுத்ததும் மடக்கைகள் இரண்டும் அடிபட்டுப்போய், இரண்டு வெப்பநிலைகள் மட்டும் எஞ்சி நிற்கின்றன. புத்தகம் திறந்திருக்கும்வரை இது தெளிந்த நீரோடையாகவே தோன்றும். பத்து முறை வாசித்தாலும் பத்து முறையும் தலை தானாக அசையும். அதே மாணவன் புத்தகத்தை மூடிவிட்டு, பழைய வினாத்தாளின் பின்புறத்தில் தானாக எழுதத் தொடங்கட்டும். மடக்கைகள் அடிபட வேண்டிய இடத்துக்கு வந்ததும் பேனா நின்றுவிடும். அந்த இரண்டு விகிதங்களும் ஏன் சமம்? வெப்பப் பரிமாற்றமில்லா நிகழ்வுகள் இரண்டும் அந்தச் சமத்துவத்தைத் தருவதற்காகவே அங்கே நிற்கின்றன என்பதை அவன் அதுவரை உணரவில்லை; கண் அந்த வரியைக் கடந்து சென்றதே தவிர, மனம் கடக்கவில்லை. பேனா நின்ற அந்த ஒரு நிமிஷந்தான் அவன் அன்றைக்குப் படித்த படிப்பிலேயே அதிக லாபம் தந்த நிமிஷம். முதல் வரிசை மாணவர்கள் அந்த நிமிஷத்தைத் தேடிப் போகிறார்கள். மற்றவர்கள் அது தம்மைத் தேடிக்கொண்டு பரீட்சை மண்டபத்துக்கு வரும்வரை காத்திருக்கிறார்கள்.

இது வெறும் உபதேசம் அன்று. சோதித்து அறியப்பட்ட உண்மை. அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் நகரத்திலுள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரோடிகர், கார்ப்பிக்கி என்னும் மனோதத்துவ அறிஞர்கள் 2006இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், மாணவர்களில் ஒரு பிரிவினர் ஓர் உரைநடைப் பகுதியை நான்கு தவணை வாசித்தார்கள். இன்னொரு பிரிவினர் ஒரு தவணை மட்டும் வாசித்துவிட்டு, எஞ்சிய மூன்று தவணைகளிலும் அதைப் பாராமல் நினைவிலிருந்து எழுதினார்கள். ஐந்து நிமிஷம் கழித்துச் சோதித்தபோது வாசித்தவர்களே முன்னின்றார்கள்: அவர்களுக்கு நூற்றுக்கு 83, எழுதியவர்களுக்கு 71. ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோதோ நிலைமை தலைகீழாயிற்று: வாசித்தவர்களுக்கு 40, எழுதியவர்களுக்கு 61. இதில் கவனிக்கத்தக்க இன்னொரு சங்கதி, தமக்கு ஒரு வாரம் கழித்தும் நன்றாக ஞாபகமிருக்கும் என்று அதிக நம்பிக்கை தெரிவித்தவர்கள், திரும்பத் திரும்ப வாசித்தவர்களே என்பதுதான். வாசிப்பு அறிவைத் தருவதோடு அறிந்துவிட்டோம் என்ற பிரமையையும் தாராளமாகத் தருகிறது; பரீட்சைக்கு முந்தின இரவில் மாணவன் நம்பி ஏமாறுவது அந்தப் பிரமையைத்தான்.

நினைவிலிருந்து எழுதிப் பார்ப்பது ஒரு பாதி. அதை எப்போது செய்வது என்பது மற்றொரு பாதி. ஜெர்மானிய அறிஞர் எபிங்ஹாஸ், அர்த்தமற்ற அசைகளைத் தாமே மனப்பாடம் செய்து, தம்முடைய மறதியைத் தாமே அளந்து, 1885இல் ஒரு நூல் வெளியிட்டார். ஒரே மூச்சில் 68 முறை ஓதியதனால் கிட்டிய பலனை, மூன்று நாட்களுக்குப் பகிர்ந்து 38 முறை ஓதியே அடைந்துவிடலாம் என்று அவர் கண்டார். ஆகவே, காலத்தைப் பகிர்ந்து படிப்பவன் அதிகமாக உழைக்கிறவன் அல்லன். குறைவாக உழைத்து அதே பயனைப் பெறுகிறவன். அன்றைய பாடத்தை அன்றிரவே புத்தகத்தை மூடி எழுதிப் பார்ப்பது, இரண்டு மூன்று நாள் இடைவெளியில் மறுபடியும் ஒருமுறை, வாரக் கடைசியில் இன்னொரு முறை என்ற நியமத்தைப் பருவத்தின் முதல் வாரத்திலிருந்தே அனுசரிப்பவனுக்குப் பரீட்சைக் காலம் மற்றொரு மாதமே. சங்கீத வித்துவான் கச்சேரி அன்றைக்கு மட்டும் பத்து மணி நேரம் சாதகம் செய்வதில்லை என்பதை அறிந்த நம்மவர்களுக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை. நல்ல தூக்கமும், படிக்கும் வேளையில் கைபேசியை அடுத்த அறையில் வைத்துவிட்டு வருவதும் எல்லோரும் அறிந்த நியதிகள். அறிந்தும் கடைப்பிடிக்காதவர்களுக்கு என்னுடைய ஒரு வரி புதிதாக ஒன்றும் செய்துவிடாது.

தனிமையில் செய்யும் இந்தச் சோதனைக்கும் ஓர் எல்லை உண்டு. தன் பிழை தன் கண்ணுக்குத் தெரியாத இடங்களில் இன்னொருவருடைய கண் வேண்டும். கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் 1970களில் யூரி டிரைஸ்மன் என்னும் கணித ஆய்வாளர் மேற்கொண்ட விசாரணையை இங்கே நினைவுகூர்வது பொருத்தமாகும். நுண்கணிதப் பாடத்தில் கறுப்பின மாணவர்கள் பெருமளவில் தோற்பதும் சீன வம்சாவளி மாணவர்கள் மேலான மதிப்பெண் பெறுவதும் அவருடைய மனத்தை உறுத்தின. காரணம் என்ன என்று பேராசிரியர்களைக் கேட்டார். ஊக்கமின்மை, வறுமை, பள்ளியில் போதாத பயிற்சி, குடும்பத்தின் ஆதரவின்மை என்று பதில்கள் வந்தன. அவர் அவற்றை நம்பி அமர்ந்துவிடாமல், இரு சாராரிலும் இருபதின்மரைத் தேர்ந்து, அவர்கள் இருக்கும் இடங்களுக்கே சென்று, படிக்கும் விதத்தை மாதக்கணக்கில் கூர்ந்து கவனித்தார். சொல்லப்பட்ட காரணங்கள் ஒன்றும் நிற்கவில்லை. கறுப்பின மாணவர்கள் ஊக்கமுள்ளவர்கள். பள்ளியில் சிறந்து விளங்கியவர்கள். பெற்றோரின் பெருங்கனவுகளைச் சுமந்து வந்தவர்கள். சொன்ன வீட்டுக் கணக்குகளைத் தவறாமல் போட்டவர்கள். ஆனால் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு தனியே போட்டவர்கள். சீன மாணவர்களோ தனியே உழைத்தபின் மாலையில் ஒன்றுகூடி, கூடவே உண்டு, ஒருவர் விடையை மற்றவர் திருத்தி, பழைய வினாத்தாள்களைப் போட்டுப் பார்த்து, தங்கள் வட்டத்தில் ஒருவருக்கும் விளங்காத கணக்கு எது என்பதை அறிந்திருந்தார்கள். எல்லோருக்கும் விளங்காத கணக்கு கடினமான கணக்கு; தனக்கு மட்டும் விளங்காதது தன் குறை. இந்தப் பேதத்தை அறியும் வழி தனித்துப் படிப்பவனுக்குக் கிடையாது. அவன் ஒவ்வொரு தடையையும் தன் அறிவின் மீதே ஏற்றிக்கொண்டு நாளடைவில் மனம் தளர்கிறான். பிற்பாடு டிரைஸ்மன் அமைத்த பயிற்சி வகுப்புகளில் மாணவர்களுக்கு எளிய கணக்குகளைக் கொடுத்து இரக்கம் காட்டவில்லை; வழக்கத்தைவிடக் கடினமான கணக்குகளைக் கொடுத்துச் சேர்ந்து போடச் செய்தார். அவர்களுடைய தேர்ச்சி வியக்கத்தக்க விதமாக உயர்ந்தது.

இந்த உண்மையைக் கடல் கடந்துதான் நாம் அறிய வேண்டும் என்பதில்லை. பதின்மூன்றாம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூலின் பாயிரம், கல்வியின் நிறைவை நான்கு பங்காக்கிக் கணக்கிடுகிறது. ஆசிரியர் உரைத்ததைச் செவ்வையாகக் கொண்டாலும் கிட்டுவது ஒரு பங்கே என்றும், உடன் பயில்வோரோடு பழகுவதால் மற்றொரு பங்கு சேரும் என்றும், எஞ்சிய இரண்டு பங்கும் பிறருக்குத் தெளிவாக எடுத்துச் சொல்வதாலேயே நிரம்பும் என்றும் அது விதிக்கிறது. சென்னை எழும்பூரில் ஆண் அநாதைகள் விடுதியின் மேற்பார்வையை 1789இல் ஏற்ற ஆண்ட்ரூ பெல் என்னும் ஸ்காட்லாந்துப் பாதிரியார், உள்ளூர்ப் பள்ளியொன்றில் சிறுவர்கள் மணலில் எழுதிப் பயில்வதைக் கண்டு அதைத் தம் விடுதியிலும் புகுத்தி, மாணவனைக் கொண்டே மாணவனுக்குப் பாடம் சொல்லுவித்தார். அந்த முறையை 1797இல் நூலாக வெளியிட, அது ‘மதராஸ் முறை’ என்ற பெயரோடு இங்கிலாந்தின் பள்ளிகளில் பரவிற்று. பெல் கையாண்டது சிறு பிள்ளைகளின் எழுத்துப் பயிற்சிக்காக. பவணந்தியார் சொன்னது முதிர்ந்த புலமைக்காக. கற்றவன் கற்பிக்கும்போதே தன் கல்வியின் ஓட்டைகளைக் காண்கிறான் என்பது இரண்டுக்கும் பொது.

இத்தனை இருந்தும் நம் கல்லூரிகளில் மாணவர்கள் ஏன் இவ்வழியை நாடுவதில்லை? வெட்கமே முதற்காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது. குடும்பத்திலேயே முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்த பிள்ளைக்கு, வகுப்பில் எழுந்து ‘எனக்கு விளங்கவில்லை, ஐயா’ என்று சொல்வதைவிடக் கடினமான காரியம் வேறில்லை. ‘இதுகூடத் தெரியாதா?’ என்ற ஒரு வார்த்தை, அது ஆசிரியரிடமிருந்து வந்தாலும் சக மாணவனிடமிருந்து வந்தாலும், அந்தப் பிள்ளையின் வாயை மூன்று வருஷத்துக்கு அடைத்துவிடும். விடைத்தாள் விஷயத்திலும் இதே மனநிலையைக் காணலாம். கட்டணம் செலுத்தினால் திருத்திய விடைத்தாளின் நகலைப் பெறும் ஏற்பாடு நம் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் உண்டு. அதை வாங்குகிற மாணவன் பெரும்பாலும் கூட்டலில் பிழை இருக்கிறதா, எங்கேனும் இரண்டு மதிப்பெண் விடுபட்டிருக்கிறதா என்று பார்த்து மறுமதிப்பீட்டுக்கு விண்ணப்பிப்பதோடு நின்றுவிடுகிறான். பதின்மூன்று மதிப்பெண் வினாவுக்கு ஏழு கிடைத்ததென்றால், போன ஆறும் எந்தப் பத்தியில், எந்தப் படத்தில், எந்தப் படிநிலையில் போயின என்று ஆராய்பவன் அரியவன். அந்த அரியவனே அடுத்த பருவத்தில் முன்னுக்கு வருகிறான்.

இங்கே ஓர் ஆட்சேபம் எழக்கூடும். ‘கேட்ட கேள்வியே திரும்பத் திரும்பக் கேட்கப்படும் இடத்தில், கொஸ்டின் பேங்கை மனப்பாடம் செய்தவனும் முதல் வகுப்பில் தேறிவிடுகிறானே, இந்த விரதமெல்லாம் எதற்கு?’ என்று கேட்பார்கள். ஆட்சேபம் நியாயமானதே. அப்படித் தேறுகிறவர்கள் இருக்கிறார்கள் என்பதை மறைப்பதற்கில்லை. ஆனால் வினா சற்றே உருமாறி வந்த அன்றைக்கு அந்த மனப்பாடம் கைகொடுப்பதில்லை. வேலைக்கான நேர்காணலில் எதிரே அமர்ந்திருப்பவர் ‘ஏன்?’ என்று ஒற்றைக் கேள்வியைப் போட்டதும் அது அறவே நின்றுபோகிறது. மேலும், மனப்பாடத்தாலேயே உச்ச மதிப்பெண்ணை எட்ட முடிகிறதென்றால், அது மாணவனின் குற்றமாவதைவிட வினாத்தாள் தயாரித்தவரின் குற்றமாகவே கருதத்தக்கது.

ஆகையால் மாணவனுக்குச் சொன்ன புத்திமதியில் ஒரு பங்கு அவனை நடத்துகிற நிறுவனங்களுக்கும் உரியது. பருவம் தொடங்கிய முதல் மாதத்திலேயே சிறு சிறு தேர்வுகள் வைத்து, மதிப்பெண்ணுக்காக அல்லாமல் பிழை தெரிவதற்காகவே வைத்து, விடைத்தாள்களை ஒரு வாரத்துக்குள் திருப்பித் தரட்டும். இன்டர்னல் மதிப்பெண் என்பது ஆசிரியரின் கையிலுள்ள பிரம்பு என்ற எண்ணம் மாணவனுக்கு வராதபடி நடந்துகொள்ளட்டும். மாலை வேளைகளில் பூட்டிக் கிடக்கும் வகுப்பறைகளுள் இரண்டு மூன்றைத் திறந்து வைத்து, நால்வர் ஐவராகச் சேர்ந்து படிக்க விரும்புகிறவர்களுக்கு ஒரு கரும்பலகையும் கொஞ்சம் சுண்ணக்கட்டியும் கொடுக்கட்டும். விடுதியில் தங்க வசதியின்றித் தினமும் பேருந்தில் வந்துபோகும் பிள்ளைகளுக்கு மதிய இடைவேளையில் அதே வாய்ப்பு கிடைக்கட்டும். இவற்றுக்குப் புதிய கட்டடமோ பெரும் நிதி ஒதுக்கீடோ தேவையில்லை. தெரியாததைத் தெரியாது என்று சொல்லக்கூடிய இடத்தைத் தன் வளாகத்தில் உண்டாக்கித் தராத கல்லூரிக்கு, தன் மாணவர்கள் படிப்பதில்லை என்று குறைப்பட்டுக்கொள்ளும் உரிமை கிடையாது.