யாருக்கு இந்தப் பெல்ட்டு சைக்கிள்?

சைக்கிள் செயினுக்குக் காலம் முடிந்துவிட்டதாம். இனிமேல் பெல்ட்டுதானாம்! எண்ணெய் வேண்டாம், துருப் பிடிக்காது, சத்தம் கிடையாது, காற்சட்டையில் கறை ஒட்டாது. ஆகவே தோட்டப்புறத் தொழிலாளி தன் பழைய செயின் சைக்கிளைத் தூக்கி எறிந்துவிட்டுப் பெல்ட்டு சைக்கிளுக்கு மாறினால் நேரமும் மிச்சம், காசும் மிச்சம் என்று ஒரு புதிய உபதேசம் நம் காதுகளில் விழத் தொடங்கியிருக்கிறது. உபதேசத்தோடு நின்றிருந்தால் இக்கட்டுரைக்கு வேலை இல்லை. ஒரு தோட்டத்திலே அச்சடித்த பாரமே வந்துவிட்டது. "சைக்கிளைப் பெற்றுக்கொண்டேன், அதன் விலையை மாதாமாதம் என் சம்பளத்தில் பிடித்துக்கொள்ளச் சம்மதிக்கிறேன்" என்று அதில் கண்டிருக்கிறது. கீழே கையெழுத்துக்கு ஒரு கோடு. கையெழுத்துப் போடத் தெரியாதவருக்குப் பெருவிரல் ரேகைக்கு ஒரு கட்டம். விலை எழுத வேண்டிய இடம் மட்டும் வெறுமையாக இருக்கிறது!

செக்ரோல் எழுதிப் பிழைக்கும் கிராணி நான். வெற்றிடம் விட்ட பாரத்தில் பிறகு யார் எதை எழுதுவார்கள் என்பது எனக்குத் தெரியாத சங்கதி அல்ல.

புதுமை என்றாலே முகம் சுளிப்பவன் என்று என்னை யாரும் எண்ணிவிட வேண்டாம். பெல்ட்டு நல்ல சரக்குதான். பழைய ரப்பர் ஆலைகளில் எஞ்சினுக்கும் உருளைக்கும் நடுவே ஓடிய தட்டைப் பெல்ட்டை நம் பெரியவர்கள் பார்த்திருப்பார்கள். ஈரம் பட்டால் அது வழுக்கும். இது அந்த ஜாதி அல்ல. இதன் உட்புறத்தில் பற்கள் உண்டு; சக்கரத்தின் பள்ளங்களில் அவை பொருந்தி ஓடும். 1980-ல் ஹார்லி டேவிட்சன் கம்பெனி தன் மோட்டார் சைக்கிளின் பின்சக்கரத்துக்கு இப்படிப்பட்ட பெல்ட்டைப் போட்டது. அந்தப் பத்தாண்டிலேயே ஜப்பானில் பிரிட்ஜ்ஸ்டோன் கம்பெனி சைக்கிளுக்கும் போட்டது. 2007-ல் அமெரிக்காவின் கேட்ஸ் கம்பெனி, உள்ளே கார்பன் நார் வைத்துச் செய்த பெல்ட்டைக் கொண்டுவந்த பிறகு இது பரவலாயிற்று. சிங்கப்பூரில் வழவழப்பான பாதையில் ஆபீசுக்குப் போய், நிழலிலே சைக்கிளை நிறுத்திவிட்டு வேலை பார்ப்பவருக்கு இதைவிடச் சுத்தமான ஏற்பாடு கிடையாது. அவர் வாங்கட்டும். நமக்கு அதில் வழக்கு இல்லை.

நம் வழக்கு வேறு. காலை இருட்டில், நெற்றி விளக்கோடு, பெரட்டுக்கு நேரமாகிறதே என்று மிதிக்கிற தொழிலாளியின் தலையில் இதைக் கட்டப் பார்க்கிறார்களே, அதுதான் வழக்கு.

முதலில், விற்பவர்கள் வாய் திறக்காத ஒரு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். செயினை எங்கே வேண்டுமானாலும் பிரிக்கலாம், சேர்க்கலாம். பெல்ட்டு அப்படியல்ல, மூட்டு இல்லாத ஒரே வளையம். பின்சக்கரத்தின் பக்கத்தில் சைக்கிளின் சட்டம் முக்கோணமாக மூடியிருக்கிறதல்லவா? அந்தச் சட்டத்தைப் பிரித்துத் திறக்க வழி இருந்தால்தான் பெல்ட்டை உள்ளே விட முடியும். நம் வீட்டுச் சுவரில் சாய்ந்து நிற்கும் சைக்கிளுக்கு அந்த வழி கிடையாது. (ஆணி அறைந்து மூட்டும் பெல்ட்டு ஒன்றும் வந்திருக்கிறது. அதை நம் பட்டணத்துக் கடையில் கேட்டுப் பாருங்கள், கடைக்காரர் நம்மை மேலும் கீழும் பார்ப்பார்.) ஆகவே "பெல்ட்டுக்கு மாறுங்கள்" என்றால் பெல்ட்டு வாங்குவது மட்டும் என்று அர்த்தமல்ல. சட்டம், முன்பல், பின்பல், எல்லாமே புதிது. கியர் வேண்டுமென்றால் பெரும்பாலும் சக்கரத்தின் குடத்துக்குள்ளே அடங்கிய கியர்தான் ஆகும். அதன் விலை தனி.

இரண்டாவது சங்கதி இதைவிட முக்கியம். செயின் அறுந்தால் என்ன செய்கிறோம்? அறுந்த கண்ணியைக் கழற்றி எறிகிறோம். ஓர் ஆணி, ஒரு சுத்தியல், அதுவும் இல்லையென்றால் ஒரு கருங்கல். ஊசியைத் தட்டி இறக்கி, மிச்சக் கண்ணிகளைச் சேர்த்து, பின்சக்கரத்தை அரை விரல் முன்னே தள்ளி முடுக்கினால் வண்டி ஓடும். லயத்துக் கடைசி வீட்டுப் பையன்கூட இதைச் செய்வான். 1880-ல் மான்செஸ்டரில் ஹான்ஸ் ரெனால்டு என்பவர் உருளை வைத்த செயினைச் செய்தார். இன்று ஊரில் ஓடும் சைக்கிள் செயின்களில் கண்ணிக்குக் கண்ணி இடைவெளி அரை அங்குலம்தான், எந்தக் கடையில் வாங்கினாலும். ஈப்போவில் வாங்கியது குளுவாங்கில் பொருந்தும். தாத்தா வண்டியின் செயின் பேரன் வண்டிக்கு உதவும்.

பெல்ட்டு அறுந்தால்? தள்ளிக்கொண்டு நடக்க வேண்டியதுதான்! அது முடிச்சுப் போடும் கயிறல்ல. ஒரு கம்பெனியின் பல் இடைவெளி இன்னொரு கம்பெனிக்கு ஒத்துவராது. ஒரு நீளம் இன்னொரு நீளத்துக்கு உதவாது. அதை மடக்கக் கூடாது, முறுக்கக் கூடாது. மடக்கினால் உள்ளே கார்பன் நார் ஒடிந்துவிடும், வெளியே ஒன்றும் தெரியாது. இழுவை சரியாக இருக்கவேண்டும். தளர்ந்தால் பல் தாண்டும், இறுகினால் பேரிங் தேயும். சரியா என்று எப்படிப் பார்ப்பதாம்? வீணைத் தந்தியைப் போல் பெல்ட்டைச் சுண்டிவிட்டு, அதன் நாதத்தைக் கைப்பேசியால் அளக்க வேண்டுமாம்! தீம்பாரின் நடுவே, மழைத் தூறலில், பால் வாளியைக் கீழே வைத்துவிட்டு வீணை வாசிக்கச் சொல்கிறார்கள்.

நேரம் தவறிய தொழிலாளியின் பெயருக்கு நேரே செக்ரோலில் என்ன விழும் என்பதை நான் சொல்லவேண்டியதில்லை. பெல்ட்டு வந்து சேரும்வரை அவன் நடந்தே வருவானா? அந்த நாட்களின் கூலியை விற்றவர் கொடுப்பாரா? பாரத்தில் அதற்குக் கோடும் இல்லை, கட்டமும் இல்லை.

இன்னொரு ஆசை வார்த்தையும் கேட்டேன். "இது ரப்பர் பெல்ட்டு ஐயா! உலகம் பெல்ட்டுக்கு மாறினால் நம் பாலுக்கு அல்லவா கிராக்கி!" என்றார் ஒருவர். பால்மரத்தின் அடியில் வளர்ந்தவனிடம் இப்படிச் சொல்ல ஒரு துணிச்சல் வேண்டும். அந்தக் கார்பன் பெல்ட்டின் உடல் பாலியூரித்தேன். 1937-ல் ஜெர்மனியில் ஓட்டோ பாயர் கண்ட ரசாயனப் பண்டம். எண்ணெய்க் கிணற்றின் பிள்ளை. அதில் நம் பால் ஒரு சொட்டு இல்லை.

சைக்கிளுக்கும் நமக்கும் உள்ள உறவு பெல்ட்டில் இல்லை, டயரில் இருக்கிறது. 1888-ல் பெல்பாஸ்ட் நகரில் கால்நடை வைத்தியரான டன்லப், தம் மகனின் முச்சக்கர வண்டிக்காகக் காற்றடைத்த டயரைச் செய்து உரிமைப் பட்டயம் வாங்கினார். அதே 1888-ல்தான் ரிட்லி சிங்கப்பூர் தாவரத் தோட்டத்தின் பொறுப்பை ஏற்றார். மரத்தைச் சாகடிக்காமல் பால் எடுக்கும் முறையை வகுத்தார். 1896-ல் டான் சாய் யான் மலாக்காவில் ரப்பர்த் தோட்டம் போட்டார். சைக்கிள் டயரும், அதன் பின்னே மோட்டார் டயரும் பசியோடு கேட்ட ரப்பருக்காகத்தான் நம் பாட்டன் பூட்டன் கப்பலேறினார்கள். உள்ளே போகும் டியூப்பைக்கூட இன்று பெரும்பாலும் பியூட்டைல் என்ற செயற்கைச் சரக்கில் செய்கிறார்கள். மிஞ்சியிருப்பது டயர். அதைப் பற்றிப் பேசட்டும், கேட்கிறேன்.

"அப்படியானால் துருவுக்கு என்ன வழி?" என்பீர்கள். நியாயமான கேள்வி. இந்நாட்டு மழையில் எண்ணெய் காணாத செயின் சில நாளில் சிவந்துவிடும். வழி பழையதே. செயினை முழுதும் மூடும் இரும்புப் பெட்டியோடு ராலே சைக்கிள்கள் ஓடிய காலம் உண்டு. மழையும் சேறும் உள்ளே போகாது, எண்ணெய் வெளியே சிந்தாது. இன்று தோட்டத்தில் பலர் ஓட்டும் கப்சாய் மோட்டார் சைக்கிளைக் குனிந்து பாருங்கள். ஹோண்டா ஈஎக்ஸ்5-ல் மூடிக்குள்ளே ஓடுவது என்ன? செயின்தான்! மோட்டாரின் இழுப்பைத் தாங்குகிற செயின் நம் காலின் மிதியைத் தாங்காதா? ஒரு செயினும் மூடியும் என்ன விலை என்பதைப் பட்டணத்துக் கடையில் விசாரித்துவிட்டு, பெல்ட்டின் விலையையும் கேளுங்கள். ஒன்று சில பத்து வெள்ளி; மற்றது நூற்றுக்கணக்கில் போகும்.

வேலைக்குச் சைக்கிள் அவசியம் என்று நிர்வாகம் கருதினால் மூடி போட்ட செயின் சைக்கிளைத் தன் செலவில் வாங்கிக் கொடுக்கட்டும். தீம்பார்ப் பாதையின் குழிகளையும் கையோடு மூடட்டும். அதைவிட்டு, 2025 பிப்ரவரி முதல் தேதியில் 1,700 வெள்ளிக்கு உயர்ந்த குறைந்தபட்ச சம்பளம் கைக்கு வந்த சூடு ஆறுவதற்குள், அதில் ஒரு பங்கைப் பெல்ட்டு வடிவில் திரும்ப வாங்கிக்கொள்ளும் வித்தை நம்மிடம் பலிக்காது.

சட்டமும் வாய்மூடி இல்லை. 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின் 24-ஆம் பிரிவைப் படித்துக் காட்டச் சொல்லுங்கள். கடைக்காரர் போன்ற மூன்றாம் ஆளுக்காகச் சம்பளத்தில் பிடிக்க, தொழிலாளியே எழுத்து மூலம் கேட்டிருக்க வேண்டும். அதோடு தொழிலாளர் இலாகாத் தலைமை இயக்குநரின் எழுத்து அனுமதியும் முன்கூட்டியே வாங்கியிருக்க வேண்டும். மாதப் பிடிப்புகளின் மொத்தம், பொது விதிப்படி, சம்பளத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. பாரத்தை அச்சடிக்கத் தெரிந்தவர்களுக்கு இந்த அனுமதியை வாங்கத் தெரிந்ததா? அந்தக் கடிதத்தை எங்கே, காட்டட்டும்!

அந்தப் பாரம் உங்கள் கைக்கு வந்தால் கையெழுத்தும் வேண்டாம், ரேகையும் வேண்டாம். கிழித்துப் போடவும் வேண்டாம். அது நமக்குச் சாட்சி. பத்திரமாக மடித்து, சம்பளத் தேதிக்கு முன்னால் உங்கள் கிளைச் செயலாளரிடம் சேர்த்துவிடுங்கள். முன்பே கையெழுத்துப் போட்டுவிட்டவர்கள் பயப்பட வேண்டியதில்லை. கடந்த மாதச் சம்பளச் சிட்டையோடு கிளைக் காரியாலயத்துக்கு வாருங்கள். எந்தத் தேதியில் எவ்வளவு பிடித்தார்கள் என்று வரிசையாக எழுதி, இலாகாவுக்கு மனுவாக அனுப்புவோம்.