யாருக்காக இந்த ஆபத்து?



மயக்கந்தரும் காளான்களைப் பற்றி உலகம் இன்று இருவிதமாகப் பேசுகிறது. ஒரு சாரார் அவற்றை நஞ்சு என்கின்றனர். மற்றொரு சாரார், மனச்சோர்வுக்குக் கிடைத்த புதுமருந்து என்கின்றனர். ஆனால் இவ்விரு சாராரும் தோன்றுவதற்கு நெடுங்காலம் முன்பே, அக்காளான்களைப் புனிதமென்று கருதி, அச்சத்தோடும் ஒழுக்கத்தோடும் கையாண்ட ஏழை மக்கள் உண்டு. அவர்களுடைய வழக்கத்தை நாம் பின்பற்ற வேண்டியதில்லை. எனினும், ஆபத்து என்ற ஒன்றை மனிதன் எவ்வாறு எதிர்கொள்ள வேண்டும் என்பதில் அவர்களிடம் கற்றுக்கொள்ள ஒன்று உண்டு என்று எண்ணுகிறேன்.

‘ஷாமன்’ என்னும் சொல் சைபீரியப் பழங்குடியினர் மொழியினின்று வந்தது. நோயாளிக்காகவும் ஊருக்காகவும் ஆவியுலகை நாடிச் சென்று மீள்பவர் என நம்பப்படுபவரே ஷாமன். மெக்சிக்கோ நாட்டின் வஹாக்கா மாநிலத்து மலைகளில் வாழும் மசாதெக் இனத்தார் அத்தகையோரை ‘அறிந்தவர்’ என்று அழைப்பர். அம்மலைகளில் உள்ள வாவுத்லா என்னும் ஊரில் அவ்வாறு அறிந்தவராக வாழ்ந்தவர் மரியா சபினா. தம் வாழ்க்கையை அவர் அதே ஊரினரான ஆல்வரோ எஸ்திராதாவிடம் தாய்மொழியிலே சொல்ல, அது 1977-ஆம் ஆண்டு நூலாக வெளிவந்தது. எழுதப் படிக்க அறியாதவர்; இளமையிலே தந்தையை இழந்து பசியை அறிந்தவர்; இருமுறை கைம்மை எய்தியவர். ஞானஸ்நானம் பெற்ற கத்தோலிக்கர். தம் ஊர்க்கோவிலில் இயேசுவின் திரு இருதயச் சபையின் உறுப்பினராகவும் இருந்தார். கோவில் மணியோசைக்கும் மலைக்காட்டின் பழைய வழக்கத்திற்கும் இடையே அவர் பகைமை எதையும் காணவில்லை.

மழைக்காலத்தில் முளைக்கும் அச்சிறு காளான்களை அவர் ‘புனிதக் குழந்தைகள்’ என்றே அழைத்து வந்தார். அவற்றை உண்பதற்கு விதிகள் பல. உண்பதற்கு முன் நான்கு நாளும், பின் நான்கு நாளும் உடல் தூய்மை காக்க வேண்டும். இல்லறத்தில் வாழ்ந்த காலமெல்லாம் மரியா சபினா அவற்றைத் தொடவில்லை. பகலில் உண்பதில்லை, இரவில், வீட்டினுள், புனிதர் படங்கள் வைத்த பீடத்தின்முன், மெழுகுதிரி ஏற்றி, குங்கிலியம் புகைத்து, அதன்பின் இருளில் அமர்ந்து விடியும்வரை பாடுவார். வேடிக்கை பார்ப்பவர்க்கு அங்கே இடமில்லை. நோயாளி ஒருவர் இருக்கவேண்டும். அவர் பொருட்டே அவ்விரவு விழிப்பு.

இவை யாவற்றினும் என் கருத்தைக் கவர்ந்தது ஒன்று உண்டு. மருந்தை நோயாளியிடம் கொடுத்துவிட்டு ஒதுங்கி நிற்பவர் அல்லர் இந்த அறிந்தவர். நோயாளியினும் மிகுதியாக அவரே உண்பார். தம் தங்கை மரியா ஆனா சாகக் கிடந்தபோது, அவளுக்குச் சிறிதளவே கொடுத்து, தாம் அதுவரை உண்டிராத அளவு உண்டதாக மரியா சபினா கூறியிருக்கிறார். காணப்போவது இன்பமோ பயங்கரமோ, அதனைத் தாமே முதலில் காணவேண்டும் என்பது அவருடைய கடமை. அக்காளான் நோய்களைக் குணமாக்கியது என்று நான் சாட்சி கூற வரவில்லை. பிறருடைய துன்பத்தின் பொருட்டு ஆபத்தினுள் தாமும் நுழைந்தார் என்பதையே சுட்டுகிறேன்.

1955-ஆம் ஆண்டு ஜூன் மாதம் 29-ஆம் நாள், புனித இராயப்பர் சின்னப்பர் திருநாள் இரவில், நியூயார்க் நகரத்து வங்கி அதிகாரி கார்டன் வாசன் என்பவர் மரியா சபினாவின் விழிப்பில் அமர்ந்தார். ஊர் அதிகாரி ஒருவர் கேட்டுக்கொண்டதால் அம்மூதாட்டி இசைந்தார். வாசன் கண்டதை 1957-ஆம் ஆண்டு மே 13-ஆம் நாளிட்ட ‘லைஃப்’ என்னும் அமெரிக்க வார இதழில் எழுதினார். மூதாட்டியின் பெயரை அவர் மாற்றியே எழுதினார். எனினும் இரகசியம் காக்கப்படவில்லை. மறு ஆண்டே சுவிட்சர்லாந்து வேதியியல் அறிஞர் ஆல்பர்ட் ஹாஃப்மன் அக்காளானிலிருந்து சைலோசைபின் என்னும் பொருளைப் பிரித்தெடுத்தார். 1962-ஆம் ஆண்டு அவரே வாவுத்லாவுக்குச் சென்று, தம் ஆய்வுக்கூடத்தில் செய்த மாத்திரைகளை மரியா சபினாவிடம் கொடுத்தார். காளானின் சக்தி இவற்றிலும் உண்டு என்று அவர் ஒத்துக்கொண்டார். காளான் கிடைக்காத காலத்திலும் நோயாளிகளுக்கு உதவலாமே என்று மகிழ்ந்தாராம். மாத்திரையைக் கண்டபோதும் அவருக்கு நினைவு வந்தவர் நோயாளியே என்பதை நோக்குக!

பின்னர் நேர்ந்தது வருந்தத்தக்கது. 1960-களில் அமெரிக்காவிலிருந்தும் ஐரோப்பாவிலிருந்தும் இளைஞர்கள் கூட்டங்கூட்டமாக வாவுத்லாவுக்கு வந்தனர். அவர்களிடம் நோய் இல்லை, விரதம் இல்லை, காலமும் இடமும் பாராமல் உண்டனர். முடிவில் மெக்சிக்கோ அரசு படையினரை நிறுத்திச் சாலையை மறிக்க நேர்ந்தது. மரியா சபினா காவலரின் விசாரணைக்கு உள்ளானார். அவருடைய வீடும் தீக்கிரையானது. இவர்கள் வருவதற்கு முன் கடவுளைக் காண்பதற்கென்று எவரும் காளான் உண்டதில்லை, நோயாளி குணமடையவே உண்டனர் என்றும், அந்நியர் வந்தபின் புனிதக் குழந்தைகளின் வல்லமை போயிற்று என்றும் அவர் பிற்காலத்தில் மனம் நொந்து சொல்லியிருக்கிறார். 1985-ஆம் ஆண்டு நவம்பர் 22-ஆம் நாள் அவர் வறுமையிலேயே உயிர்நீத்தார்.

உலகம் இதற்கு என்ன விடை கண்டது? முதல் விடை தடை. 1971-ஆம் ஆண்டு வியன்னாவில் நிறைவேறிய ஐக்கிய நாடுகள் உடன்படிக்கை, சைலோசைபினை மிகக் கடுமையான கட்டுப்பாட்டுக்கு உட்பட்ட பொருள்களின் பட்டியலில் சேர்த்தது. ஆயினும், சமயச் சடங்குகளில் தொன்றுதொட்டுக் காட்டுச் செடிகளைப் பயன்படுத்தி வரும் சிறு இனத்தாருக்கு நாடுகள் விலக்கு அளிக்கலாம் என்று ஒரு விதியும் அதில் உண்டு. மெக்சிக்கோ அவ்விலக்கைக் கேட்டுப் பெற்றது. ஆபத்தான பொருள் ஒன்றே. அதைச் சூழ்ந்திருக்கும் வேலி ஓரிடத்தில் உண்டு, மற்றோரிடத்தில் இல்லை என்பதைச் சட்டமும் ஒருவாறு ஒத்துக்கொண்டது எனலாம்.

இரண்டாம் விடை மருத்துவமனையிலிருந்து வந்தது. 2006-ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தார் 36 பேரை வைத்து நடத்திய ஆய்வை வெளியிட்டனர். அவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினர் அதைத் தம் வாழ்நாளின் மிக ஆழ்ந்த அனுபவங்களுள் ஒன்று என்றனர். ஆனால் 11 பேர் கடும் அச்சத்திற்கு உள்ளாயினர். நன்கு தேர்ந்தெடுக்கப்பட்டு, முன்கூட்டியே ஆயத்தம் செய்யப்பட்டு, அருகில் துணையாளர் அமர்ந்திருக்கும்போதே இந்நிலை! 2023-ஆம் ஆண்டு ஜூலை முதல் ஆஸ்திரேலியாவில், அனுமதி பெற்ற மனநல மருத்துவர்கள் பிற மருந்துகளால் தீராத மனச்சோர்வுக்கு இதனை எழுதிக் கொடுக்கலாம் என்றாயிற்று. துன்புறுவோர்க்கு நேர்மையான மருத்துவம் செய்யும் எந்த முயற்சியையும் நாம் இகழலாகாது. ஆயினும் இதை வணிகமாக்க நினைப்போரும் பெருகிவருகின்றனர். அச்சம் இன்றி, விரதம் இன்றி, வானத்தை மட்டும் விலைக்கு வாங்கித் தருவோம் என்பதே அவர்களுடைய விளம்பரம்.

ஜெர்மானியச் சமூகவியல் அறிஞர் உல்ரிக் பெக் 1986-ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில் நம் காலத்துச் சமுதாயத்திற்கு ‘இடர்ச் சமுதாயம்’ என்று பெயரிட்டார். செல்வத்தைப் பங்கிடுவது முற்காலத்தின் கவலை. தான் படைத்த கேடுகளிலிருந்து தப்புவது இக்காலத்தின் கவலை என்பது அவர் கருத்தின் சாரம். இச்சமுதாயம் அறிந்த வழிகள் இரண்டே. ஒன்று, இடரைத் தடைசெய்வது. மற்றொன்று, இடரை நீக்கிவிட்டதாகச் சொல்லிப் பயனை மட்டும் பொட்டலமாக்கி விற்பது. மரியா சபினாவின் வழி மூன்றாவது. இடர் உண்டு என்று ஒத்துக்கொள்வது, அதைச் சுற்றி ஒழுக்கத்தால் வேலி கட்டுவது, பின்பு பிறர் பொருட்டு மட்டுமே அதனுள் அடியெடுத்து வைப்பது.

நம் திருச்சபையின் வரலாற்றிலும் அச்சம் உண்டு, அக்கறையும் உண்டு. மெக்சிக்கோவில் 1620-ஆம் ஆண்டு சமய விசாரணை மன்றம் பெயோட்டே என்னும் கள்ளிச்செடியை உண்பதைத் தடைசெய்தது. அதற்கு முந்திய நூற்றாண்டிலேயே, பிரான்சிஸ்கன் துறவியான பெர்னார்தினோ தெ சாகூன் அந்நாட்டு மக்களின் மொழியைக் கற்று, அவர்கள் காளானைத் தேனோடு உண்ட வழக்கத்தையும் விரிவாக எழுதிவைத்தார். அதை அவர் ஏற்கவில்லை, ஆயினும் கேட்டறிந்தார். தடைசெய்தவர்களும் நம்மவரே, கேட்டு எழுதியவரும் நம்மவரே. பிற சமயங்களில் உண்மையும் புனிதமுமாய் உள்ள எதையும் திருச்சபை வெறுத்து ஒதுக்குவதில்லை என்று இரண்டாம் வத்திக்கான் பொதுச்சங்கம் 1965-ஆம் ஆண்டு அறிவித்தது. அதே திருச்சபை, மருத்துவக் காரணமின்றிப் போதைப்பொருளை நாடுவது பெரும் பாவம் என்றும் மறைக்கல்வியில் கற்பிக்கிறது. இவ்விரண்டும் முரணல்ல. ஒரு மக்களின் பயபக்தியை மதிப்பது வேறு. அவர்கள் புனிதமென்று போற்றியதைக் களியாட்டப் பண்டமாக்குவது வேறு.

இது தூரத்து நாட்டுக் கதை மட்டும் அன்று. நம் கோடைக்கானல் மலையிலும் இத்தகைய காளான்கள் முளைக்கின்றன. அவற்றைத் தேடிச் செல்லும் இளைஞர்களையும், விற்போர் கைதாவதையும் பற்றிச் செய்தித்தாள்களில் படிக்கிறோம். 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடைச் சட்டப் பட்டியலில் சைலோசைபினும் இடம்பெற்றுள்ளது. நச்சுக் காளானை மாறி உண்டால் உயிருக்கே இறுதி நேரலாம். குடும்பத்தில் மனநோய் உள்ளவர்க்கு அந்நோய் வெளிப்படலாம். ஆனால் பெற்றோரே, சட்டத்தையும் நஞ்சையும் காட்டி அச்சுறுத்துவது மட்டும் போதுமா? மரத்தில் ஏறாதே, விழுந்துவிடுவாய் என்கிறோம். நோயுற்ற அண்டைவீட்டாரைப் பார்க்கப் போகாதே, தொற்றிக்கொள்ளும் என்கிறோம். துக்கவீட்டிற்குப் பிள்ளையை அழைத்துச் செல்லவும் தயங்குகிறோம். இவ்வாறு எல்லா இடரினின்றும் மறைத்து வளர்த்த பிள்ளை, ஒருநாள் எங்கோ ஒரு விடுதி அறையில், துணைக்கு அறிந்தவர் எவருமின்றி, யாருக்கும் பயனற்ற ஓர் ஆபத்தைத் தானே விலைகொடுத்து வாங்குகிறான். இடரின் மீது இளமைக்கு உள்ள வேட்கையை அடைத்துவைக்க இயலாது. நல்வழியில் திருப்பிவிடத்தான் இயலும்.

எனவே பிள்ளைகளிடம் ‘இது ஆபத்து’ என்று சொல்வதோடு நில்லாது, ‘யாருக்காக இந்த ஆபத்து?’ என்று கேட்கவும் கற்றுக்கொடுப்போம். 1873-ஆம் ஆண்டு மொலோக்காய்த் தீவின் தொழுநோயாளரிடம் சென்ற தமியான் அடிகளார், 16 ஆண்டுகள் அவர்களிடையே உழைத்துத் தாமும் தொழுநோயாளராக இறந்தார். அவரிடம் இக்கேள்விக்கு விடை இருந்தது. தன் சாகத்திற்கும் சுகத்திற்கும் மட்டும் இடரைத் தேடுபவனிடம் விடை இல்லை.

இம்மாதம் உங்கள் வீட்டிலோ தெருவிலோ நோயுற்றுக் கிடக்கும் ஒருவரிடம் உங்கள் மகனையோ மகளையோ அழைத்துச் செல்லுங்கள். ஓர் இரவு அருகில் விழித்திருக்கட்டும். தண்ணீர் கொடுக்கட்டும், முனகலைக் கேட்கட்டும், அஞ்சட்டும், அஞ்சியும் அவ்விடத்தை விட்டு எழாதிருக்கட்டும். காளான் எதுவும் வேண்டாம். அந்த ஓர் இரவில் அவர்கள் காண்பது, பின்னாளில் எவரும் அவர்களுக்கு விற்க முடியாததாக இருக்கும்.

இறைவன் உங்கள் குடும்பங்களை ஆசீர்வதிப்பாராக!